கூலியா? கப்பமா?

கிழக்கு வெளுக்குமுன்னே விழித்துக்கொள்கிறது மண்டி. திண்டுக்கல் சமவெளியின் சிற்றூர்களிலிருந்து வண்டிகள் வந்து வரிசையாக நிற்கின்றன. நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகை, ஒட்டன்சத்திரம் பக்கத்து முருங்கை, அய்யலூர்ப் பக்கத்துத் தக்காளி, சின்ன வெங்காயம் என்று மண்ணும் நீரும் மனித உழைப்பும் கூடி ஈன்ற செல்வமெல்லாம் அங்கே குவிகிறது. ஏலம் கூறுவோன் குரல் எழுகிறது. இருவர் கேட்கின்றனர், மூன்றாமவர் தலையசைக்கிறார். முடிந்தது! நான்கு திங்கள் உழைப்புக்கு நான்கு நிமிடத்தில் தீர்ப்பு.

தீர்ப்புக்குப் பிறகு வருகிறது சீட்டு. விற்ற தொகை மேலே இருக்கும், பார்க்கப் பெருமிதமாகவே இருக்கும். கீழே இறங்க இறங்க இளைத்துப்போகும். கமிஷன், இறக்குக் கூலி, எடைக் கூலி, சாக்கு, வண்டி வாடகை, முன்பணத்தில் பிடித்தம். எல்லாவற்றுக்கும் அடியில், நோயுற்ற குழந்தைபோல ஓர் எண். அதுதான் உழவன் பங்கு.

உழவர் வீட்டுப் பிள்ளையான நண்பர் ஒருவர் நம்மிடம் சொன்னார்: "என் தந்தை முப்பது ஆண்டுகளாக அந்தச் சீட்டை வாங்கி, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு வீடு வருவார். ஒருநாளும் பிரித்துப் படித்ததில்லை. படிக்கத் தெரியாதவரல்லர். படித்து என்ன ஆகப்போகிறது என்பார்."

படித்து என்ன ஆகப்போகிறது! பத்து ரூபாய் போனது நமக்குப் பெரிதன்று. 'போவதுதான் முறை' என்று ஒருவர் நம்பிவிட்டாரே, அதுவே நம் நெஞ்சை உறுத்துகிறது. தலையெழுத்து என்ற சொல்லை நெற்றியிலிருந்து அழிக்கப் புறப்பட்டவர்கள் நாம். அது சீட்டின் அடியில் வந்து குடியேறியிருப்பதைக் காணாமல் இருக்கலாமா? நூற்றுக்குப் பத்து என்பது வானம் வகுத்ததன்று, மனிதன் வகுத்தது. மனிதன் வகுத்ததை மனிதன் கேள்வி கேட்கலாம். எனவே கேட்கிறோம்: விற்பவனிடம் தரகன் பெறுவது கூலியா, கப்பமா?

ஆத்திரத்தில் விடை கூறிவிடுவது எளிது. "உழைப்பவன் உழவன், உட்கார்ந்து உண்பவன் தரகன், ஒழியட்டும் தரகு!" என்று முழங்கினால் கைதட்டல் கிடைக்கும். கைதட்டல் கிடைக்கும் விடையெல்லாம் சரியான விடையாகிவிடாது. ஆகவே, எதிர்த்தரப்பின் வழக்கை முதலில் நாமே எடுத்துரைப்போம்.

மண்டி என்ன செய்கிறது? இடம் தருகிறது. தராசு தருகிறது. பத்து ஊர் வியாபாரிகளை ஓரிடத்தில் கூட்டுகிறது. ஒட்டன்சத்திரத்துக் காய்கறி கேரளத்து அடுக்களைக்குப் போய்ச் சேருகிறதென்றால், தோட்டத்துக்காரர் ஒவ்வொருவரும் மலை கடந்து சென்று ஆள் தேட முடியாததால்தான். வாங்குவோர் கடன் சொல்லிச் சரக்கு எடுத்துச் செல்லும்போது, உழவனுக்குக் கைமேல் பணம் கொடுத்துவிட்டு, கடனைத் திரட்டும் தொல்லையைப் பல மண்டிக்காரர்கள் தாமே சுமக்கின்றனர். வாங்கியவர் ஏமாற்றினால் நட்டமும் அவர்களுக்கே. இவையெல்லாம் வேலை. வேலைக்குக் கூலி உண்டு. கூலியை மறுப்பவன் உழைப்பாளியின் தோழனாக முடியாது.

இன்னொன்றும் கூறுவர்: "நூற்றுக்கு இவ்வளவு என்று வைத்தால், விலை ஏறினால் தரகும் ஏறும், ஆகவே விலை ஏறவேண்டும் என்ற ஆசை தரகனுக்கும் உண்டு." உண்மைதான். ஆனால் முழு உண்மையா? கூடுதலாகக் கிடைக்கும் நூறு ரூபாயில் உழவனுக்குத் தொண்ணூறு, தரகனுக்குப் பத்து. அந்தப் பத்துக்காக, நாள்தோறும் வந்து வாங்கும் வியாபாரியின் முகம் சுளிக்கச் செய்வானா? உழவன் அறுவடைக்கு வருகிறான். வியாபாரி அன்றாடம் வருகிறான். தராசின் முள் நடுவில் நிற்கலாம். தராசு பிடிப்பவன் மனம் எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு ஆரூடம் தேவையில்லை, அறிவு போதும். வள்ளுவர் நடுவுநிலைமையைப் பற்றிப் பேசும் அதிகாரத்திலேயே துலாக்கோலையும் வாணிகத்தையும் நினைவுகூர்ந்தது காரணமில்லாமலன்று.

இனிக் கணக்குக்கு வருவோம். ஆயிரம் ரூபாய்க்குத் தக்காளி விற்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்று, உரம், மருந்து, பறிப்புக் கூலி, வண்டி எல்லாம் சேர்ந்து 850 ரூபாய். மிச்சம் 150. நூற்றுக்குப் பத்து என்று தரகு போனால் நூறு ரூபாய். உழவன் கையில் நிற்பது ஐம்பது. பேர் பத்து விழுக்காடு. போவதோ ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கு! அதே தக்காளி 800 ரூபாய்க்குத்தான் போயிற்றென்றால்? உழவனுக்கு ஐம்பது நட்டம். அதற்குமேல் தரகு எண்பது. தரகனுக்கும் இருபது குறைந்தது மெய்தான். ஆனால் ஒருவன் வரவில் குறைகிறான். மற்றவன் கடனில் வளர்கிறான். மொத்த விலையின் மேல் வைக்கும் விகிதம் சிறிதாகத் தெரிகிறது. மிச்சத்தின் மேல் வைத்துப் பார்த்தால்தான் அதன் உண்மை உருவம் தெரிகிறது. இந்தக் கணக்கு தெரிந்தவன் சீட்டை மடித்துச் செருகமாட்டான்.

"பிடிக்கவில்லையென்றால் விற்காமல் போகட்டுமே! கையைப் பிடித்து இழுத்தார்களா?" என்று கேட்போர் உண்டு. கையைப் பிடித்து இழுக்கவில்லை. காலம் கழுத்தைப் பிடித்து இழுக்கிறது. காலையில் கொய்த மொட்டு மாலையில் மலர்ந்துவிடும். மலர்ந்தபின் விலை ஏது? பழுத்த தக்காளி இரண்டு நாள் காத்திருக்குமா? பறிப்புக் கூலிக்கே விலை போதாமல் தக்காளியைச் செடியிலேயே விட்டுவிட்ட நாட்களை இந்தச் சமவெளி அறியும். போதாக்குறைக்கு முன்பணம். விதைப்புக்குக் கடன் கொடுத்தவன் மண்டிக்கே விளைச்சல் போகவேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். வேறு வாயில் இல்லாத வீட்டில், "நீயாகத்தானே இந்த வாயிலில் நுழைந்தாய்?" என்று கேட்பது வாதமா, வம்பா? மாற்று வழி உள்ளவன் தரும் இசைவே இசைவு. மற்றது, வாடும் பூ தரும் வாக்குமூலம்.

இது தமிழகத்துத் தக்காளிக்கு மட்டும் உற்ற துன்பமும் அன்று. 1995இல் அமெரிக்காவில் இணையவழி ஏலச்சந்தையாகத் தோன்றிய ஈபே, பொருளை வரிசையில் வைக்க ஒரு கட்டணம், விற்றால் விலையில் ஒரு பங்கு என்று வளர்ந்தது. 2002இல் பணம் செலுத்தும் நிறுவனமான பேபாலையும் வாங்கிற்று. சந்தைக்கு ஒரு கட்டணம், பணம் கைமாற ஒரு கட்டணம், இரண்டும் பல ஆண்டுகள் ஒரே வீட்டுக்குப் போயின. 2008இன் தொடக்கத்தில் வரிசைக் கட்டணத்தைக் குறைத்து, விற்பனைப் பங்கை உயர்த்தியது. வாங்குவோரைப் பற்றி விற்போர் குறைகூறி எழுதும் உரிமையையும் நீக்கப்போவதாக அறிவித்தது. சினந்த விற்பனையாளர் பலர் பிப்ரவரி 18 முதல் ஒரு வாரம் சரக்கு வைக்க மறுத்தனர். கட்டணம் கூடியது பாதிச் சினம். வாய் கட்டப்பட்டது மீதிச் சினம். அந்த நிறுவனம் 2004இல் பாஸீ நிறுவனத்தை வாங்கி இந்தியாவுக்குள் வந்தது. 2017இல் அதன் இந்தியக் கடை பிளிப்கார்ட்டுக்குக் கைமாறியது. 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. கடை மூடியது; முறை மூடவில்லை. இன்று சின்னாளபட்டிச் சேலையையோ திண்டுக்கல் பூட்டையோ கைப்பேசி வழியே விற்க முனையும் இளைஞனைக் கேட்டுப் பாருங்கள். விற்பனைப் பங்கு, அனுப்பும் செலவு, திரும்பி வந்தால் அதற்கொரு செலவு, முன்வரிசையில் காட்ட விளம்பரக் காசு. மண்டிச் சீட்டு கண்ணாடித் திரைக்குள் புகுந்திருக்கிறது, அவ்வளவே.

செல்வர் கூடும் ஏலக்கூடங்களிலாவது தூய்மை உண்டா? ஓவியங்களை ஏலம் விடும் கிறிஸ்டீஸ், சோத்பீஸ் என்ற இரு பெரும் நிறுவனங்கள், விற்போரிடம் பெறும் தரகைத் தமக்குள் பேசி ஒன்றாக்கிக்கொண்ட சூழ்ச்சி 2000இல் வெளிப்பட்டது. 2001இல் சோத்பீசின் முன்னாள் தலைவர் டாப்மன் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். ஏமாந்தோருக்கு இரு நிறுவனமும் சேர்ந்து 51 கோடியே 20 இலட்சம் டாலர் தர இசைந்தன. இரண்டு கடை இருந்தால் போட்டி வரும், போட்டி வந்தால் தரகு குறையும் என்று நம்புவோருக்கு இது ஒரு பாடம். இரண்டு வாயிலுக்கும் ஒரே காவலன் என்றால், அது ஒரு வாயிலே!

சட்டம் என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவது நன்றியின்மை. சென்னை மாகாணத்தில் 1933இலேயே வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. 1959இலும் 1987இலும் அது விரிவாக்கிப் புதுப்பிக்கப்பட்டது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் உழவனிடம் தரகு இல்லை. சந்தைக் கட்டணம் வாங்குவோரிடமே பெறப்படுகிறது. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. கடைக்கு வாடகையில்லை, தராசுக்குக் கூலியில்லை, நடுவில் ஆளில்லை. கூடைக்காரருக்கு அது கண்கண்ட விடுதலை. ஆனால் லாரி நிறையத் தக்காளி விளைவித்தவர் அதைக் கிலோக் கிலோவாக விற்றுத் தீர்ப்பது எப்போது? அவர் மீண்டும் மண்டிக்கே திரும்புகிறார். வாங்குவோரிடம்தான் கட்டணம் என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரு ரூபாய் கட்டணம் கட்டவேண்டியவன், ஏலத்தில் ஒரு ரூபாய் குறைத்துக் கேட்கலாமன்றோ? யார் கையிலிருந்து வாங்கினார்கள் என்பதோடு, யார் முதுகில் இறங்கியது என்பதையும் பார்க்கவேண்டும்.

பின் எதுதான் வழி? ஆலந்து நாட்டைப் பாருங்கள். 1887இல் அங்கே காய்கறிக்கு ஏல முறை தோன்றிற்று. ஆல்ஸ்மீர் ஊரின் பூப்பயிரிடுவோர் 1911, 1912 ஆண்டுகளில் தம்முள் சங்கம் அமைத்துத் தமக்கென ஏலக்கூடங்கள் கண்டனர். இரண்டும் 1968இல் ஒன்றாயின. விலை மேலிருந்து கீழிறங்க, முதலில் நிறுத்தியவருக்கே சரக்கு என்பது அங்கே முறை. எல்லாம் எல்லாரும் பார்க்க நடந்தது. அவர்களும் ஏலத்துக்குக் கட்டணம் செலுத்துகின்றனர். ஆனால் அந்தக் கட்டணத்தை முடிவு செய்யும் அமைப்பில் பூப்பயிரிடுவோனுக்கு வாக்கு உண்டு. மல்லிகைக்கும் டியூலிப் மலருக்கும் மணத்தில் வேறுபாடு இருக்கலாம். இரண்டையும் வளர்ப்பவர் உரிமையில் வேறுபாடு எதற்கு? அயல்நாடு வேண்டாமென்றால் குஜராத்தைப் பாருங்கள். 1946இல் கேடா மாவட்டத்துப் பால்காரர்கள், தம் பாலை மலிவாக வாங்கிய நிறுவனத்துக்குப் பால் ஊற்ற மறுத்து, கூட்டுறவு கண்டனர். அமுல் அதன் கனி.

நம் நாட்டிலும் ஒரு செய்தி நினைக்கத்தக்கது. தென்பாண்டி வணிகர்கள் தம் வியாபாரத்தில் மகமை என்று ஒரு பங்கு ஒதுக்கிப் பள்ளிகள் கட்டினர். தாமே கூடி, தம்மீதே விதித்துக்கொண்டவரை அது பொதுநலம். அதே மகமையை, கேளாமலே, அடுத்தவன் விளைச்சலில் பிடித்தால்? பெயர் மாறவில்லை, தன்மை மாறிவிட்டது. கொடை என்பது கொடுப்பவன் முடிவு. எடுப்பவன் முடிவாக ஆகும்போது அது கப்பம்.

இங்கேதான் நம் கேள்விக்கு விடை கிடைக்கிறது. தொகையின் அளவு மட்டும் கூலியையும் கப்பத்தையும் பிரிப்பதில்லை. நான்கு கேள்விகள் பிரிக்கின்றன. எந்த வேலைக்கு இது? எவ்வளவு என்பது வெளிப்படையா? விகிதம் வைத்தபோது விற்பவன் குரல் கேட்கப்பட்டதா? ஒப்பாவிட்டால் போக வேறு வாயில் உண்டா? நான்குக்கும் விடை கிடைத்தால், நூற்றுக்குப் பத்தும் கூலியாகலாம். ஒன்றுக்கும் கிடைக்காவிட்டால், நூற்றுக்கு ஒன்றும் கப்பமே. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். துண்டுக்கடியில் நடப்பது நேர்மையாகவும் இருக்கலாம். ஆனால் நேர்மைக்குத் துண்டு எதற்கு?

கூட்டுறவு என்றதும் குறைகள் எல்லாம் பறந்துவிடும் என்று நாம் பசப்பவில்லை. கூட்டுறவுச் சங்கங்களும் சிலர் கைப்பிள்ளையாகி, உறுப்பினர் உறங்க, பொறுப்பாளர் கொழுத்த கதைகள் நாட்டில் உண்டு. உரிமை வாங்கியவன் உறங்கினால், உரிமையும் உறங்கும். ஆகவே சட்டத்துக்கும் சங்கத்துக்கும் முன்னே வேண்டியது ஒன்று: சீட்டைப் பிரித்துப் படிக்கும் துணிவு.

இளைஞர்களே! இது உங்களால் ஆகும். எழுத்தறிவு பெற்ற முதல் தலைமுறையாக உங்களில் பலர் இருக்கிறீர்கள். ஊரில் மாலையில் நாலுபேர் கூடும் இடத்தில் உட்காருங்கள். ஒரு பருவத்துச் சீட்டுகளை எல்லாம் சேருங்கள். எந்த மண்டியில் எவ்வளவு பிடித்தம், எதற்காக, எவ்வளவு கழிவு என்று பலகையில் எழுதி வையுங்கள். வசை எழுதவேண்டாம், கணக்கு எழுதுங்கள். கணக்கைவிடக் கூர்மையான கண்டனம் இல்லை. நேர்மையான தரகர் அந்தப் பலகையைக் கண்டு அஞ்சமாட்டார். தம் பெயர் அங்கே நன்றாக விளங்குவதை விரும்புவார். பத்துப்பேர் சேர்ந்து ஒரு வண்டியில் சரக்கு அனுப்பிப் பாருங்கள். முன்பணத்துக்கு வேறு வழி தேடுங்கள், ஏனெனில் கடனின் கயிறு அறுந்தால்தான் இரண்டாவது வாயில் திறக்கும்.

நண்பரின் தந்தை இன்றும் மண்டிக்குப் போகிறார். ஆனால் இப்போது சீட்டு மடியிலிருந்து மேசைக்கு வருகிறதாம். மகன் படிக்கிறார், தந்தை கேட்கிறார். சென்ற திங்கள், "இது எதுக்கப்பா பிடிச்சிருக்காங்க?" என்று தந்தையே ஒரு வரியைச் சுட்டிக் கேட்டாராம். மறுநாள் மண்டியில் அதே கேள்வியைக் கேட்டார். உடனே பணம் திரும்பி வந்துவிடவில்லை. கணக்குப் பிள்ளை சற்று நேரம் விழித்துவிட்டு, "பார்த்துச் சொல்றேன்" என்றாராம்.

முப்பது ஆண்டு மடிந்து கிடந்த சீட்டு பிரிந்துவிட்டது. இனி அதை மடிப்பது எளிதன்று.