பெரியவன் என்ன பிழை செய்தான்?

2021ஆம் ஆண்டு மே மாதம், கொரோனாப் பெருந்தொற்றின் இரண்டாம் அலை தமிழகத்தை உலுக்கிய நாள்களில், நமது பங்கில் ஒரே வீட்டில் வாழ்ந்த சகோதரர் இருவர் ஒரே வாரத்தில் நோயுற்றனர். ஒரு பானைச் சோறு உண்டவர்கள். இளையவர் காய்கறிச் சந்தையில் சுமை தூக்குபவர். நோயை வீட்டுக்குக் கொணர்ந்தவர் தாமே என்பது அவருடைய எண்ணம். அவருக்கு இரண்டு நாள் காய்ச்சலோடு முடிந்தது. மூத்தவருக்கு வயது 41. நீரிழிவில்லை, மதுவையோ புகையையோ தொட்டறியாதவர், பீடச் சிறுவர்களைப் பல்லாண்டு வழிநடத்தியவர். பன்னிரண்டாம் நாள் மூச்சுத் திணறி இறந்தார்.

முப்பதாம் நாள் செபத்திற்கு நாம் சென்றபோது அவர்தம் தாயார் கேட்டார்: "சாமி, பெரியவன் என்ன பிழை செய்தான்?" இளையவர் சுவரோரம் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். 'சின்னவன் என்ன புண்ணியம் செய்தான்?' என்பது அவர் வாய் திறந்து கேட்காத கேள்வி. "இறைவனின் திருவுளம் அம்மா" என்று கூறி வந்தோம். அச்சொல் பொய்யன்று. ஆயினும் அன்று அது ஒரு கதவைச் சாத்துவதற்கே நமக்குப் பயன்பட்டது.

பின்னர் ஆலயம் திறந்தது. நோயினின்று மீண்ட குடும்பங்கள் நன்றித் திருப்பலிக்குக் கருத்துக் கொடுத்தன. செபமாலை சொன்ன தம் வீட்டை மாதா கைவிடவில்லை என்று ஒருவர் சான்று பகர்ந்தார். நாமும் அதனை மறையுரையில் புகழ்ந்துரைத்தோம். மூன்றாம் வரிசையில் அத்தாயார் அமர்ந்திருந்ததைப் பிறகே கண்டோம். அவர் வீட்டிலும் செபமாலை சொல்லப்பட்டதே!

அன்றிலிருந்து இக்கேள்வி நம்மை விடவில்லை. ஒரே வைரஸ் ஒருவரைத் தொட்டுச் செல்வதும் ஒருவரைக் கொன்று செல்வதும் ஏன்? வயதும் பிற நோய்களும் பெருங்காரணங்கள் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் வயதும் உடல்நலமும் ஒத்திருந்தும் முடிவு வேறுபடுவதற்கு, மருத்துவர்கள் அண்மை ஆண்டுகளில் ஓரளவு விடை கண்டுள்ளனர்.

1957இல் ஐசக்ஸ், லிண்டன்மன் என்னும் அறிஞர் இருவர் இலண்டனில் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைக் கண்டறிந்தனர். வைரஸ் தாக்கிய உயிரணு தன் அண்டை உயிரணுக்களை எச்சரிக்க முழக்கும் முரசு அது. முரசு உரிய நேரத்தில் ஒலித்தால் உடல் விழித்துக்கொள்ளும். ஒலிக்கத் தாமதித்தால் பகைவன் உள்ளே புகுந்துவிடுவான்.

2020 சூலையில் நெதர்லாந்தின் நைமேகன் நகர மருத்துவர்கள் ஒரு செய்தியை வெளியிட்டனர். (அந்நகரின் பல்கலைக்கழகம் 1923இல் கத்தோலிக்கப் பல்கலைக்கழகமாகவே தொடங்கப்பட்டது என்பதில் நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.) இரு குடும்பங்கள், குடும்பத்திற்கு இரு சகோதரர், வயது 21 முதல் 32 வரை. திடமாயிருந்த அந்நால்வருக்கும் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது, ஒருவர் இறந்தார். நால்வரிடமும் டி.எல்.ஆர்.7 என்னும் மரபணு பழுதுற்றிருந்தது. வைரஸின் வருகையை உணர்ந்து முரசறைய உதவும் மரபணு அது. அது எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. தாய்க்கு எக்ஸ் இரண்டு. மகனுக்கு அவற்றுள் ஒன்றே கிடைக்கிறது. பழுதான பிரதி ஒன்றைச் சுமக்கும் தாய் பொதுவாக அதை அறிவதேயில்லை. அது மகனுக்குச் செல்வதும் செல்லாதிருப்பதும் பாதிக்குப் பாதி.

அதே ஆண்டு செப்டம்பரில், பாரிசிலும் நியூயார்க்கிலும் பணிபுரியும் ழான்-லோரான் கசனோவாவும் அவருடைய குழுவினரும், உயிருக்குப் போராடிய 659 பேரை ஆராய்ந்து, 23 பேரிடம் இன்டர்ஃபெரான் தொடர்பான பிறவிப் பழுதைக் கண்டனர். மற்றோர் ஆய்வில் அத்தகைய 987 பேரில் 101 பேருடைய உடலே தன் இன்டர்ஃபெரானை அழிக்கும் எதிர்ப்பொருளைச் சுரந்திருந்தது. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். இலேசாக நோயுற்ற 663 பேரில் ஒருவரிடமும் அது இல்லை.

நமது பங்கின் மூத்தவருடைய குருதியை எவரும் இவ்வாறு ஆராயவில்லை. அவருக்கு நேர்ந்தது இதுவே என்று கூற நமக்கு உரிமையில்லை. ஆயினும் ஒரு வயிற்றில் பிறந்த இருவருள் ஒருவர் வீழ்வதும் ஒருவர் எழுவதும் நடத்தைக்குக் கிடைத்த மதிப்பெண் அன்று என்பதையேனும் இவ்வறிவு நம்மை ஏற்கச் செய்கிறது.

யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், குற்றம் அவருடையதா, பெற்றோருடையதா என்று ஆண்டவரிடம் கேட்டனர். அவர் இரண்டையும் மறுத்தார். குருமடத்தில் இப்பகுதியைப் பயின்றபோது முதல் பாதியையே நாம் பெரிதாக எண்ணினோம். இன்று இரண்டாம் பாதி அச்சுறுத்துகிறது. மரபணு என்று சொன்ன மாத்திரத்தில், "அப்படியானால் குறை என் வயிற்றிலா?" என்று ஒரு தாய் கேட்கக்கூடும். பழைய பழி புதிய ஆடை உடுத்தி வரக்கூடும். சாதகப் பொருத்தம் பார்ப்பதைக் கைவிட்ட நம் குடும்பங்கள் நாளை மரபணுப் பொருத்தம் பார்க்கத் தலைப்பட்டால் வியப்பதற்கில்லை.

முழு அறிவும் முழுச் சம்மதமும் இல்லாத இடத்தில் சாவான பாவம் இல்லை என்று சிறு பிள்ளைகளுக்கும் நாம் கற்பிக்கிறோம். தாம் எதைச் சுமக்கிறோம் என்றே அறியாத தாயிடம் அறிவு எங்கே, சம்மதம் எங்கே? சந்தையிலிருந்து அறியாமல் நோயைக் கொணர்ந்த தம்பியிடந்தான் எங்கே? சென்மப் பாவத்தைக்கூட, நாம் செய்த செயல் அன்று, நாம் பிறக்கும் நிலை என்றே திருச்சபை விளக்குகிறது. பெறுவது வேறு, புரிவது வேறு.

இன்னொன்று. சுவாந்தே பேபோ, ஹூகோ செபர்க் என்னும் இருவர் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, கொரோனா கடுமையாவதற்குத் துணைபோகும் ஒரு மரபணுத் துண்டு நியாண்டர்தால் என்னும் பழங்கால மனிதரிடமிருந்து வந்தது. தெற்காசியரில் ஏறத்தாழப் பாதிப் பேர் அதைச் சுமக்கின்றனர். ஐரோப்பியரில் 16 விழுக்காட்டினர். நம்முள்ளும் பலர் அதைச் சுமக்கக்கூடும். ஆனால் அதே துண்டு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பை 27 விழுக்காடு குறைக்கிறது என்று 2022இல் செபர்க் கண்டார். நல்ல குருதி, கெட்ட குருதி என்று பிரிக்க முனைவோர் இங்கே எதைச் சொல்வார்கள்?

ஆனாலும் எல்லாவற்றையும் மரபணுவின் தலையில் கட்டிவிட்டு நாம் கைகழுவ முடியாது. அந்த மே மாதத்தில் உயிர்வளியும் படுக்கையும் கிடைக்காமல் மாண்டவர்களுடைய சாவு இயற்கைத் தீமை மட்டுமன்று. அதில் மனிதரின் பொறுப்பும் உண்டு.

அப்படியாயின் மீண்டவர்கள் நன்றி கூறலாகாதா? கூறட்டும். புனித தோமா அக்குவினார் கற்பித்தபடி, இறைவன் படைப்புப் பொருள்களையே காரணங்களாக்கி அவற்றின் வழியே செயலாற்றுகிறார். மரபணுவும் அவற்றுள் ஒன்றெனின், காக்கப்பட்டவர் அவருக்கே கடன்பட்டவர். ஆனால் கொடையைக் கூலியாகக் காட்டும்போதுதான் நன்றி அடுத்த வீட்டார்மீது எறியும் கல்லாகிறது. அன்று பீடத்தில் நின்று அக்கல்லை எறிந்தவர்களுள் நாமும் ஒருவர். பின்னர் அத்தாயின் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் நமக்குத் தேநீர் தந்தார். அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

இளையவர் ஈராண்டுகள் நற்கருணை வாங்காதிருந்தார். 2023இல் ஒரு மாலை நைமேகன் சகோதரர்களைப் பற்றி அவரிடம் சொன்னோம். நெடுநேரம் கேட்டிருந்துவிட்டு, "அப்படின்னா சாமி, எனக்கும் அண்ணனுக்கும் மாறி விழுந்திருக்கலாமா?" என்றார். "விழுந்திருக்கலாம்" என்றோம்.

அவ்வாண்டு கல்லறைத் திருநாளுக்கு முன்தினம் அவர் அண்ணனின் கல்லறையில் புல் செதுக்கி, வெள்ளையடித்தார். மாலையில் திருப்பலிக் கருத்துக் கொண்டுவந்தார். ஒரே தாளில் இரண்டு: அண்ணனின் ஆன்ம இளைப்பாற்றிக்கு; தாம் பிழைத்ததற்கு நன்றியாக. அலுவலகத்தில் எழுதும் பிள்ளை அவற்றை இரு வேறு நாள்களுக்குப் பதிய முற்பட்டான். ஒன்றாகவே எழுதும்படி சொன்னோம்.