நாலில் ஒரு பங்கு

யாழ்ப்பாணத்துக்கு அருகே நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலில் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) வெட்டுவித்தது. சிங்கள நாட்டரசன் கடல் வணிகருக்குத் தமிழில் சொன்ன செய்தி. பேராசிரியர் கா. இந்திரபாலா படித்து 1963இல் வெளியிட்டார்.

பரதேசிகள், அதாவது பிறநாட்டு வணிகர், ஊராத்துறையில் வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும், பல துறைகளிலிருந்தும் எம்முடைய துறைக்கு அவர்கள் வந்து கூட வேண்டும் என்று அரசன் விரும்புகிறான். பிறகு கணக்குக்கு வருகிறான். ஆனை, குதிரை கொண்டு வருகிற கலம் உடைந்துபோனால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மற்ற மூன்று பங்கும் உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றி வருகிற கலம் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு.

ஊராத்துறை என்பது எங்கள் ஊர்காவற்றுறைதான். வேலணையில் என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாது. ஆனால் சைக்கிளில் போய்விடலாம்.

*

இலண்டனிலிருந்து மருமகன் எடுத்தான். தங்கச்சியின் மூத்தவன். போர்ஷே பொக்ஸ்டர் ஒன்று பார்த்திருக்கிறானாம், 2003ஆம் ஆண்டு வண்டி, கூரை மடிகிறது, நிறம் வெள்ளி. விற்கிறவர் அதோடு சேர்த்து இரண்டு வருட வொரண்டியும் எடுக்கச் சொல்லுகிறார். கார்க் கொம்பனியின் சொந்த வொரண்டி அல்ல. அதற்கு இந்த வண்டி வயது கடந்துவிட்டது. இது வேறொரு கொம்பனியின் கடதாசி.

“மாமா, எடுக்கவோ விடவோ?”

“காரையோ, வொரண்டியையோ?”

“காரை எடுக்கிறது முடிவு மாமா. அதைக் கேக்காதேங்கோ.”

அதை நான் கேட்கவில்லை. ஆசைப்பட்டு வாங்குகிற ஒன்றுக்குக் கணக்குப் பார்க்கச் சொல்வது அநியாயம். ஆனால் வொரண்டி ஆசை இல்லையே, அதற்குக் கணக்குப் பார்க்கலாம். நாளைக்குச் சொல்லுகிறேன் என்று வைத்துவிட்டேன். அன்றிரவு முழுக்கக் கல்வெட்டுத்தான் நினைவில் நின்றது. அந்தக் காலத்துக் குதிரை இந்தக் காலத்து என்ன என்று கேட்டால், பொக்ஸ்டரை விட நல்ல மறுமொழி எனக்குத் தெரியாது. கடல் கடந்து வரும், விலை ஏறினது, வேகம், பார்க்கிறவன் திரும்பிப் பார்ப்பான், அடிக்கடி படுத்துவிடும்.

*

உடைந்த கலத்தின் சரக்கு ஆருக்கு? அந்தக் காலத்தில் பல துறைகளில் இதற்கு ஒரே விடைதான்: கரையை ஆள்பவனுக்கு. ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளியில் காகதீய அரசன் கணபதிதேவன் 1244 அளவில் வெட்டிய கல்லில், முன்னிருந்த அரசர்கள் புயலில் ஒதுங்கிய கலங்களின் பொருள் முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள், நான் தீர்வை மட்டுமே எடுப்பேன் என்கிறான். அதற்கு ஏறக்குறைய அறுபது தொடக்கம் தொண்ணூறு வருடம் முந்தியது எங்கள் நயினாதீவுக் கல்.

பராக்கிரமபாகு நட்டத்தை ஏற்கவில்லை. செத்த குதிரைக்கு அவன் ஒரு காசும் தரமாட்டான். கரையில் மிஞ்சியதில் முழுவதையும் நான் எடுக்கமாட்டேன் என்கிறான், அவ்வளவுதான். ஆனாலும் அது பொய்யில்லாத வாக்கு. எவ்வளவு என்று எண் போட்டிருக்கிறது. காரணமும் சொல்லியிருக்கிறது: ஆனை குதிரையில் எமக்கு விருப்பம் உண்டு, ஆகவே. புடைவைக்கும் மிளகுக்கும் பாதி, குதிரைக்கு முக்கால். உறுதி கொடுக்கிறவனுக்கு எதில் ஆசை என்பது அந்தப் பங்குக் கணக்கிலேயே தெரிகிறது.

இந்தக் கடைசிச் சங்கதியைத்தான் மருமகனுக்குச் சொல்ல நினைத்தேன். உறுதி தருகிறவன் எதை விரும்பித் தருகிறான்?

*

எதிர்ப்பக்கத்துக் கதையும் உண்டு. பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் எழுதியது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாரசீக வளைகுடாவில் உள்ள கீஷ் தீவின் வணிகர் தலைவன் ஜமாலுதீன், பாண்டிய நாட்டுக்கு வருடம் 1400 குதிரை அனுப்ப உடன்படிக்கை செய்திருந்தான். குதிரை ஒன்றுக்கு 220 பொன் தீனார். வழியில் குதிரை செத்தாலும் விலையைப் பாண்டியன் பண்டாரம் கொடுக்க வேண்டும்.

முழு உத்தரவாதம், ஆனால் தலைகீழாக. வாங்குகிறவன் விற்கிறவனுக்குக் கொடுத்தது. கடலில் குதிரை சாகாமல் பார்க்க வேண்டும் என்ற கவலை இனி ஆருக்கு இருக்கும்?

அதே காலத்தில் அந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ இன்னொன்று சொல்லுகிறார். இங்கே குதிரைக்கு லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் ஆள் இல்லை, வந்த குதிரைகள் வருடம் முடியுமுன் பெரும்பாலும் செத்துவிடுகின்றன, கொண்டுவருகிற வணிகர்களே அந்தத் தொழில் தெரிந்தவனை இந்தப் பக்கம் வரவிடுவதில்லை என்று. குதிரை சாகச் சாக அவர்களுக்கு வியாபாரம். இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது காரைத் திருத்தப் போனால் முதலில் கொம்பனியின் கணினியில் மாட்டு என்கிறார்கள். அந்த மென்பொருள் எல்லாக் கராச்சுக்கும் கிடைப்பதில்லை.

*

பொக்ஸ்டரின் நோய் பேர் பெற்றது. கிராங்க் தண்டிலிருந்து வால்வுகளை இயக்கும் கேம் தண்டுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோக நடுவில் ஒரு தண்டு இருக்கிறது. அதன் ஒரு முனை ஒரு சின்ன போல் பெயாரிங்கில் நிற்கிறது. மூடி போட்ட பெயாரிங். உள்ளே இருக்கும் கிறீஸை எஞ்சின் ஒயில் காலப்போக்கில் கழுவிக்கொண்டு போய்விடும். பிறகு ஒரு நாள் பெயாரிங் உடையும், நேரக்கணக்குத் தவறும், வால்வு பிஸ்டனில் மோதும், எஞ்சின் முடிந்தது. கார் வாங்கின காசளவு அதற்கும் போகலாம்.

எல்லா வண்டிக்கும் இது வராது. அமெரிக்காவில் இதைப் பற்றிய கூட்டு வழக்கொன்று 2013இல் சமரசமாகியது. அந்த வழக்கை ஒட்டிப் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு, மருமகன் பார்த்திருக்கும் வகைப் பெயாரிங்குக்கு நூற்றுக்கு 8, அதற்கு முந்திய இரட்டை வரிசை வகைக்கு 1க்கும் கீழே. ஆகவே நூற்றில் தொண்ணூற்றிரண்டு பேர் பயந்ததோடு சரி. எட்டுப் பேருக்கு முழு எஞ்சினும் போகும்.

பேச்சுக்கு எஞ்சின் மாற்ற 8000 பவுண்ஸ் என்று வைத்தால், எட்டு வீதம் 640. அதுவும் வண்டியின் ஆயுள் முழுக்க. இரண்டு வருடத்துக்கு மட்டும் என்றால் அதில் ஒரு துண்டு. வொரண்டிக்குக் கேட்கிற காசை இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார் என்றேன். மற்றப் பழுதுகளும் இருக்கே மாமா என்றான். சரிதான், இருக்கிறது. அதற்காகத்தான் கடதாசியை முழுக்க வாசிக்கச் சொன்னேன்.

வாசித்தான். தேய்மானம் சேராது. வாங்குமுன் இருந்த பழுது சேராது. ஒரு தடவைக்கு இவ்வளவுக்கு மேல் தரமாட்டார்கள். சேர்விஸ் ஒன்று பிந்தினாலும் முடிந்தது. இருபது வயது கடந்த காரில் பழுதென்று வருவதெல்லாம் தேய்மானந்தானே? அந்தப் பெயாரிங் உடைந்தால் அது தேய்ந்து உடைந்ததா, தானாக உடைந்ததா என்று ஆர் தீர்ப்புச் சொல்வது? பராக்கிரமபாகுவின் கல்லில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. கலம் உடைந்ததா இல்லையா என்று கரையில் நிற்கிற எல்லாருக்கும் தெரியும்.

*

பிரித்தானியாவில் காப்புறுதிக் கட்டுப்பணத்துக்கு ஒரு வரி உண்டு. சாதாரணமாக 12 வீதம். கார் விற்கிறவர் காரோடு சேர்த்து விற்கும் வொரண்டிக் காப்புறுதிக்கு 20 வீதம். ஏன் இந்த வித்தியாசம் என்று தேடிப் பார்த்தேன். பொருளின் விலையைக் குறைத்து வொரண்டியின் விலையைக் கூட்டினால் பெறுமதிசேர் வரியிலிருந்து தப்பலாம் என்று வியாபாரிகள் கண்டுகொண்டார்கள். அதை அடைக்கத்தான் 1997இல் தனியாக ஓர் உயர் வீதம் வந்தது. இலாபத்தைப் பொருளிலிருந்து உறுதிமொழிக்கு நகர்த்தலாம் என்பது வரித் திணைக்களத்துக்கே தெரிந்த சங்கதி.

அதே நாட்டில் காசு கொடுக்காமல் கிடைக்கிற உறுதி ஒன்றும் இருக்கிறது. 2015இன் நுகர்வோர் உரிமைச் சட்டம். வியாபாரியிடம் வாங்கிய பொருள் பழுதென்றால் முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் பழுது விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும், இல்லை என்று காட்டுவது விற்றவர் பாடு. பழைய காருக்கும் இது பொருந்தும், வயதுக்கு ஏற்ற தேய்மானத்தை விட்டுப் பார்த்தால். தனியாளிடம் வாங்கினால் பொருந்தாது. மருமகன் வாங்குவது வியாபாரியிடம். அப்படியானால் முதல் ஆறு மாதத்துக்குக் காசு கட்டி அவன் வாங்குவது என்ன?

*

எங்கள் பக்கத்தில் ஒருவரும் இப்படிக் கேட்பதில்லை. 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை இலங்கையில் கார் இறக்குமதி நின்றிருந்த காலத்தில் வாங்கின விலைக்கு மேலேயே பழைய கார் விற்றது. பதிவுப் புத்தகம் கையில் இருக்கோ, லீசிங் முடிஞ்சுதோ, இந்த இரண்டுந்தான் கேள்வி. தீவுப்பகுதிக் கார் என்றால் மூன்றாவதாகக் குனிந்து அடித்தட்டைப் பார்ப்பார்கள். பண்ணைப் பாலத்தாலும் புங்குடுதீவுப் பாலத்தாலும் ஓடி ஓடி உப்புக் காற்றில் கறள் தின்றிருக்கும். அப்படிப் பிடித்த கறளுக்கு இங்கே ஒருவரும் வொரண்டி தருவதில்லை.

தொண்ணூறுகளில், போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காது. ஏ40, மொரிஸ் மைனர், கேம்பிரிட்ஜ் போன்ற பழைய இங்கிலாந்துக் கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல், அதில் ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். சாமான் உடைந்தால் லேத்தில் கடைந்து போட்டார்கள். அந்தக் கார்கள் தாங்கியதற்குக் காரணம் இங்கிலாந்துக்காரன் நன்றாகச் செய்தான் என்பது மட்டுமல்ல. திறந்து பார்த்தால் விளங்குகிற மாதிரிச் செய்தான். மார்க்கோ போலோ சொன்ன வணிகர் செய்ததற்கு நேர் எதிர். ஆனால் அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிப் பேசுகிறவர்களோடு எனக்குச் சேர்வதில்லை. மண்ணெண்ணெய்ப் புகையில் இருமிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன நோயாளிக்கு அது பொற்காலமில்லை.

*

நெடுந்தீவில் இன்னும் குதிரைகள் நிற்கின்றன. போர்த்துக்கேயர் விட்டது, ஒல்லாந்தர் வளர்த்தது, ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி இலாயம் வைத்துப் பார்த்தது, பிறகு எல்லாரும் விட்டுவிட்டுப் போனது. இப்போது கட்டைக் குதிரைகளாய்ப் புல்வெளியில் திரிகின்றன. மழை பொய்த்த வருடங்களில் தண்ணீரில்லாமல் சாகின்றன. பயணிகள் படம் எடுக்கிறார்கள். ஒரு காலத்தில் இவற்றின் முன்னோர்களுக்கு விலை பேசியவர்கள் எவ்வளவு சத்தியம் செய்திருப்பார்கள் என்று குறிகாட்டுவானில் படகுக்கு நிற்கும்போது நினைப்பதுண்டு.

சட்டமும் இதை அறியும். ஆங்கிலச் சட்டத்தில் விற்கிறவனின் உறுதிமொழி பற்றிய வழக்குகளில் ஒரு பெருங்குவியல் குதிரை வழக்குகள்தான். கால் நொண்டாது, கண் தெரியும், சாந்தமானது என்று சொல்லி விற்றவனுக்கும் நம்பி வாங்கியவனுக்கும் இடையில் நடந்தவை. கார் வந்த பிறகு நீதிமன்றம் அந்த விதிகளை அப்படியே காருக்கும் பாவித்தது.

*

கடைசியில் நான் சொன்னது இது. வொரண்டியை விடு. அந்தக் காசில் ஒரு பகுதியை, இந்த வகை எஞ்சினை மட்டும் திருத்துகிற ஒருவரிடம் கொடுத்து, வாங்குமுன் காரைத் தூக்கிப் பார்க்கச் சொல். ஒயில் பில்டரை வெட்டித் திறந்து உலோகத் தூள் இருக்கா என்று பார்ப்பார்கள். மிச்சத்தை ஒரு கணக்கில் போட்டு வை. அந்தப் பெயாரிங்கை மாற்ற கியர்ப் பெட்டியைக் கழற்ற வேண்டும். கிளட்ச் மாற்றவும் அதையேதான் கழற்ற வேண்டும். ஆகவே கிளட்ச் போகிற நேரத்தில் இரண்டையும் ஒன்றாகச் செய்தால் கூலி ஒன்றுதான். வண்டியைக் கராச்சில் மூடி வைக்காதே, ஓட்டு. ஒயிலைப் புத்தகத்தில் சொன்னதிலும் முந்தி மாற்று.

“அப்ப நாலில் ஒரு பங்கு?” என்று கேட்டான். கல்வெட்டுக் கதையைச் சொல்லியிருந்தேன்.

“அது உன்ர பங்கு. எட்டுப் பேரில நீயும் ஒராளா வந்தா, அந்தக் கணக்கில இருக்கிறது முழுக்கப் போகும், அதுக்கு மேலயும் போகும். அதைத் தாங்குவியோ?”

கொஞ்சம் யோசித்தான். தாங்குவன் எண்டுதான் நினைக்கிறன் என்றான். மனுசிக்குச் சொல்லவில்லை என்றும் சொன்னான். அந்தப் பழுதைத் திருத்துகிற வேலை என்னுடையதல்ல.

சனிக்கிழமை காரைப் பார்க்க ஆள் வருகிறார். கிளட்ச் எப்ப மாத்தினது, அதுக்கு ரசீது இருக்கோ எண்டு முதலிலேயே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.