எச்சரித்தும் போகாதவர்

கடற்கரை நாடுகளில் பெரும்புயல் வீசி உயிர்கள் மடியுந்தோறும், கரைக்கு வெகு தூரத்தில் வாழ்வோர் வாயினின்று ஒரு சொல் தவறாமல் வெளிவருகிறது: "முன்னரே சொன்னார்களே, ஏன் போகவில்லை?" இது கேள்விபோல் ஒலிப்பினும் கேள்வியன்று, தீர்ப்பு. கேட்பவர் விடையை எதிர்பார்ப்பதில்லை. இறந்தவர் மடையர், அல்லது பொருளாசை பிடித்தவர், அல்லது விதிவசப்பட்டவர் என்ற முடிவு அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. துன்பம் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு என்று கற்றவர்கள் நாம். ஆதலின் காரணத்தைத் தேடாமல் வழங்கப்பட்ட இத்தீர்ப்பை நாம் அப்படியே ஏற்றுக்கொள்ளலாகாது.

1970ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் இரவு, அந்நாளில் கிழக்குப் பாகிஸ்தான் எனப்பட்ட நாட்டின் தென்கரையில் ஒரு புயல் ஏறிற்று. போலா என்னும் தீவின் பெயரால் அது இன்று வழங்கப்படுகிறது. மடிந்தோரை எவரும் சரியாக எண்ணி முடிக்கவில்லை. 3 லட்சம் முதல் 5 லட்சம் வரை என்பர். தஜுமுத்தீன் என்னும் ஒரு வட்டாரத்தில் மட்டும் 1,67,000 மக்களில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பேருக்கு மேல் மாண்டனர். பெரும்பாலோரைக் கொன்றது காற்றன்று; தண்ணீர். வங்கக் கடலின் வடமுனை புனல்போலக் குறுகுவது, ஆழமும் குறைந்தது. புயல் தள்ளிவரும் நீருக்கு ஒதுங்க இடமின்மையால் அது உயர்ந்தெழுந்து நிலத்தின்மேல் பாய்கிறது. அன்றிரவு கடல் ஓதம் பெருகும் வேளையும் அதனோடு சேர்ந்துகொண்டது.

இம்மக்களுக்குச் செய்தி எட்டவில்லையா எனின், எட்டிற்று. வானொலி அறிவித்தது. பின்னர் அங்கே சென்று விசாரித்த ஆய்வாளர்கள், புயல் வருகிறது என்பதை மிகப் பெரும்பாலோர் அறிந்தே இருந்தனர் என்றும், உறுதியான கட்டடங்களை நாடிச் சென்றவர் நூற்றுக்கு ஒருவர் அளவே என்றும் கண்டனர். பழி சொல்வோர்க்கு இதனினும் நல்ல சாட்சியம் கிடைக்குமா? ஆயின் அவர்கள் இன்னும் சற்றுப் பொறுக்க வேண்டும்.

அந்த இரவுக்கு ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு முன், அக்டோபர் 23ஆம் நாள், அதே கரையில் மற்றொரு புயல் ஏறியிருந்தது. அதற்கும் கடுமையான எச்சரிக்கை தரப்பட்டது. வந்த புயலோ அவ்வளவு கொடியதாக இல்லை. கூலிக்கு உழைக்கும் ஒருவன் வேலையை விட்டு, மாட்டை அவிழ்த்துவிட்டு, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை ஓடித் திரும்பினால் அவனுக்கு என்ன நட்டம் என்பதை மாதச் சம்பளக்காரர் கணக்கிடுவதில்லை. மறுமுறை அதே வானொலி அதே குரலில் கூவும்போது அவன் தன் அனுபவத்தைக் கொண்டு அனுமானிக்கிறான். அனுமானம் பிழையாகப் போயிற்று. ஆனால் அவன் அறிவைப் பயன்படுத்தவில்லை என்று யாரால் கூற முடியும்? கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வதுதானே அறிவுடையோர் எல்லாரும் செய்வது!

அன்றியும், "அபாயம்" என்ற சொல் அவனுக்கு என்ன சொல்லிற்று? நம் நாட்டுத் துறைமுகங்களில் புயல் கூண்டு ஏற்றுவதை வாசகர்கள் அறிவர். அந்த எண்கள் கப்பலோட்டிகளுக்காக ஏற்பட்டவை. வங்காளத்துக் கரையிலும் அடையாள எண்கள் துறைமுகங்களையே கருதி அமைந்தவை. 1991 ஏப்ரல் 29 இரவுக்கு முன் சிட்டகாங்கில் பத்தாம் எண் ஏற்றப்பட்டது. அதைவிடக் கடிய அபாயத்தைக் குறிக்கும் எண் அங்கே இல்லை. ஆயினும் ஏறத்தாழ 1,38,000 பேர் மடிந்தனர். தண்ணீர் முழங்கால் அளவா, கூரை அளவா, தென்னை அளவா என்பதை எண் சொல்லாது. 2013 நவம்பர் 8ஆம் நாள் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தக்லோபான் நகரிலும் இதுவே நிகழ்ந்தது. புயலால் கடல் பொங்கி ஏறும் என்று வானிலையாளர் தமக்குரிய கலைச்சொல்லால் அறிவித்தனர். அச்சொல் பலருக்கு விளங்கவில்லை. "சுனாமி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம்" என்று பிழைத்தவர்கள் பின்னர் கூறினர். அந்நாட்டில் இறந்தோர் 6,000க்கும் மேல். சொன்னவன் சொல்லிவிட்டான் என்பது மெய். ஆனால் கேட்டவனுக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதும் சொல்பவன் கடமையே. பகவன் புத்தர் வேத மொழியை விடுத்து அவரவர் பேச்சில் தம்மத்தை உரைக்கச் சொன்னதை நாம் பெருமையாகப் பேசுகிறோம். அப்பெருமையின் உட்பொருள் இதுதான்.

1991ஆம் ஆண்டுச் சாவுக் கணக்கில் மற்றொன்று உள்ளது. அதை நாம் எளிதில் கடந்துபோக இயலவில்லை. இருபது முதல் நாற்பத்து நான்கு வயது வரையுள்ள ஆண்களில் ஆயிரத்துக்குப் பதினைந்து பேர் மாண்டனர். அதே வயதுப் பெண்களில் எழுபத்தொருவர். அதே கடல், அதே இரவு, அதே எச்சரிக்கை. பின் ஏன் இவ்வேற்றுமை? கணவன் வந்து அழைக்கும் வரையில் வீட்டைவிட்டுப் புறப்படலாகாது என்று வளர்க்கப்பட்டவள் காத்திருந்தாள். அந்நிய ஆடவர் நெருங்கி நிற்கும் கட்டடத்தில் இராத்தங்குவது மானக்கேடு என்று சொல்லப்பட்டவள் தயங்கினாள். புறப்பட்டவளும் இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை, காலைத் தடுக்கும் சேலை இவற்றோடு வெள்ளத்தில் நடந்தாள். "அவள் போகவில்லை" என்று வினையை அவள்மேல் ஏற்றி நாம் வாக்கியம் அமைத்துவிடுகிறோம். போகும் உரிமை அவள் கையில் இருந்ததா என்பதை இலக்கணம் கேட்பதில்லை.

இனி நம் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டாத ஒரு செய்திக்கு வருவோம். 2019 மே 3ஆம் நாள் ஃபானி புயல் ஒரிஸ்ஸாவின் பூரிக் கரையில் ஏறியது. ஏறத்தாழ 12 லட்சம் மக்கள் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். மிகப் பெரிய சாதனை, ஐயமில்லை. ஆனால் அம்மாவட்டத்தில் தாழ்த்தப்பட்ட குடும்பங்கள் சில, புகலிடக் கட்டடத்தில் இடம் மறுக்கப்பட்டு வேறிடம் தேடின என்றும் செய்தி வெளிவந்தது. ஒரு குடும்பத்துக்கு மறுக்கப்பட்டாலும் போதும். அச்செய்தி நூறு குடும்பங்களின் நெஞ்சில் தங்கும். அடுத்த புயலுக்கு ஒலிபெருக்கி முழங்கும்போது ஒருவன், "கடல் வருமா?" என்று மட்டும் கேட்பதில்லை, "அங்கே போனால் நம்மை உள்ளே விடுவார்களா? விட்டாலும் எந்த மூலையில் உட்கார வைப்பார்கள்? தண்ணீர்ப் பானையை என் பெண் தொடலாமா?" என்றும் கேட்கிறான். இக்கேள்விகளுக்கு வானிலை நிலையம் விடை கூறாது. அவன் குடிசையிலேயே இருந்து இறந்தால், "எச்சரித்தும் போகாதவர்" என்ற பட்டியலில் அவன் பெயரும் ஏறும்.

"எல்லாம் அவரவர் வினை" என்போர் வேறொரு வகையினர். இவர்கள் பழி சொல்வதுகூட இல்லை. பெருமூச்சு விட்டு நகர்ந்துவிடுவர். சீவகர் என்னும் துறவி ஒருவர் பகவனிடம் சென்று, மனிதன் அடையும் இன்பதுன்பம் அனைத்தும் முற்பிறப்பில் செய்ததன் பயனே என்று சிலர் கூறுவது மெய்யோ என்று வினவினார். பகவன் அதனை மறுத்தார். பித்தத்தால், கபத்தால், வாதத்தால் வருவன உண்டு. இம்மூன்றின் கலப்பால் வருவதும் உண்டு. பருவ மாறுதலால் வருவன உண்டு. முறைகேடான நடக்கையால் வருவன உண்டு. பிறர் தாக்குதலால் வருவன உண்டு. வினைப்பயன் அவற்றோடு வைத்து எண்ணத்தக்க ஒன்று என்றார். புயல் பருவத்தின் செயல். கதவை அடைத்தது பிறர் செயல். இவ்விரண்டையும் இறந்தவன் தலையில் வினையென்று கட்டுவது பகவன் மறுத்த கொள்கையையே அவர் பெயரால் பேசுவதாகும்.

அப்படியாயின் கேட்பவனுக்குப் பொறுப்பே கிடையாதா? உண்டு. தன் உயிரைப் பற்றி ஒருவன் என்ன முடிவு செய்யினும், தன்னை நம்பியிருக்கும் குழந்தையையும் முதியவரையும் அவன் பணயம் வைக்கலாகாது. 2013 அக்டோபரில் பைலின் புயலின்போது, மறுத்தவர்களை ஒரிஸ்ஸாப் போலீசார் வற்புறுத்தியும் அழைத்துச் சென்றனர். இதை அடக்குமுறை என்போரோடு நாம் உடன்படவில்லை. ஆனால் கையைப் பிடித்து இழுப்பவன், இழுத்துச் செல்லும் இடத்தில் சோறு இருக்கிறதா, விளக்கு இருக்கிறதா, விட்டுவந்த வீட்டுக்குக் காவல் இருக்கிறதா என்பதற்கும் பொறுப்பேற்க வேண்டும்.

அச்சமூட்டியாவது மக்களைக் கிளப்பிவிடலாமா என்ற கேள்வியும் எழுகிறது. சத்தர்ம புண்டரீகத்தில் தீப்பற்றிய வீட்டின் கதை வருகிறது. உள்ளே விளையாடும் குழந்தைகள் தந்தையின் கூக்குரலுக்குச் செவிசாய்க்கவில்லை. தீ என்றால் என்னவென்றே அவர்களுக்குத் தெரியாது. வாயிலில் விளையாட்டு வண்டிகள் நிற்கின்றன என்று தந்தை ஆசைகாட்ட, ஓடி வந்து பிழைக்கின்றனர். வெளியே அவன் சொன்னவற்றினும் சிறந்த வண்டிகளையே கொடுக்கிறான். வண்டி ஒன்றும் கொடாவிடினும் அவன் பொய்யன் ஆகான் என்று சாரிபுத்தர் கூறுகிறார். ஒருமுறை எரியும் வீட்டுக்கு அது பொருந்தலாம். வங்கக் கடற்கரை என்னும் வீடோ திரும்பத் திரும்ப எரிவது. வண்டியில்லாத வாயிலுக்கு ஒருமுறை ஓடி வந்த குழந்தை அடுத்த தீயின்போது எழுந்திருக்குமா? 1970 அக்டோபரும் நவம்பரும் நமக்குக் காட்டுவது இதையே. ஆகவே மிகைப்படுத்தி அச்சுறுத்துவது சிறிது காலத்துக்குப் பயன்தந்து நெடுங்காலத்துக்குக் கேடு செய்யும் உபாயம் என்பது நம் கருத்து.

வண்டியை வாயிலில் உண்மையாகவே நிறுத்தியவர்களும் உள்ளனர். வங்காள தேசத்தில் 1972 முதல் செம்பிறைச் சங்கமும் சர்க்காரும் சேர்ந்து ஊர்தோறும் தொண்டர்களைத் திரட்டி வருகின்றன. இன்று அவர்கள் தொகை 70,000க்கு மேல். கொடி ஏற்றுபவனும் ஒலிபெருக்கியோடு வருபவனும் அவ்வூரான். கதவைத் தட்டி, "அக்கா, புறப்படு" என்று அழைப்பவள் பக்கத்து வீட்டுக்காரி. மாட்டை விட்டு வரமாட்டேன் என்றவனை அவர்கள் மூடன் என்று ஏசவில்லை. மாடுகள் ஏறி நிற்கக் 'கில்லா' என்னும் மண்மேடுகளை எழுப்பினர். 2007 நவம்பரில் வந்த சித்ர் புயல் வலிமையில் 1970ஆம் ஆண்டினதற்குச் சளைத்ததன்று. இறந்தோர் ஏறத்தாழ 3,400. இதுவும் சிறு தொகையன்று. ஆயினும் அந்த மக்கள் இடைக்காலத்தில் புதிதாக அறிவு பெற்றுவிடவில்லை. அவர்களை மதித்து அழைக்கப் பிறர் கற்றுக்கொண்டனர்.

ஒரிஸ்ஸாவும் கற்றது. 1999 அக்டோபர் 29ஆம் நாள் பாரதீப்பை ஒட்டி வீசிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மடிந்தனர். 2013இல் பைலினுக்கு முன் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் நகர்த்தப்பட்டனர். உயிரிழந்தோர் சில பத்துகளோடு நின்றனர். தூண்களின்மேல் உயர்த்திக் கட்டிய புகலிடங்கள் இப்போது அக்கரையெங்கும் நிற்கின்றன. புயலில்லாத நாட்களில் அவற்றுட் பல பள்ளிக்கூடங்களாக நடக்கின்றன. நாம் அறிய விரும்புவது ஒன்றுதான்: அப்பள்ளிகளில் மழையும் காற்றும் இல்லாத சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை, நடுப்பகலில், சோற்றுக்கு உட்காரும் குழந்தைகள் ஒரே வரிசையில் உட்காருகிறார்களா?