எதைப் பேசுவது?

மதம் பற்றிக் கூடிப் பேசலாம் என்று முடிவு செய்பவர்கள் முதலில் எழுதிவைக்கும் தலைப்புகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. கடவுள் உண்டா, மதம் மனிதனுக்குத் தேவையா, மதமும் விஞ்ஞானமும் முரண்படுகின்றனவா. ஒரகடத்தைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நண்பர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடிப் பேசத் தலைப்பு கேட்டபோது, அவர்கள் கையிலிருந்த தாளிலும் இந்த மூன்றும் இருந்தன. பெரிய கேள்விகளாகத் தோன்றுவதுதான் இவற்றின் கெடுதல். கேட்ட மாத்திரத்தில் இரண்டு அணிகள் எழுந்து நின்றுவிடுகின்றன. யார் எந்த அணி என்பது கூட்டம் தொடங்குமுன்பே எல்லோருக்கும் தெரியும். காலட்சேபத்தில் ஒருவர் பேச மற்றவர்கள் கேட்டார்கள். பட்டிமன்றத்தில் ஆறு பேர் பேசுகிறார்கள், ஒருவரும் கேட்பதில்லை.

மணிமேகலை வஞ்சி நகரில் சமயவாதிகளிடம் போகும் பகுதி இந்த வகையில் யோசிக்கத்தக்கது. ஆண் துறவி உருவத்தில் ஒவ்வொருவரையும் அணுகி அவரவர் கொள்கையைச் சொல்லக் கேட்கிறாள். பெரும்பாலும் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுகிறாள். பூதவாதியிடம் மட்டும் நின்று சிரிக்கிறாள், வாதிடுகிறாள். மறுபிறப்பு இல்லை என்று அவன் சொல்லும்போது, தன் முற்பிறப்பை அறிந்தவளான அவளுடைய வாழ்க்கையே மறுக்கப்படுகிறது. அனுமானம் இல்லையென்றால் உன் தாய் தந்தையரை எப்படி அறிவாய் என்று திருப்பிக் கேட்கிறாள். அவள் பதில் தர்க்கரீதியாகச் சரியா என்பது வேறு விஷயம். கேள்வி கேட்பவர்மேலேயே வந்து மோதும் இடம் அது. தலைப்பு என்று ஒன்றைத் தேடுவதானால் அப்படிப்பட்ட இடத்தில்தான் தேட வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். 2017இல் ஆயிரமாவது ஆண்டு கொண்டாடினார்கள். அவரைப் பற்றிய குருபரம்பரைக் கதை ஒன்று: காஞ்சியில் இருந்த காலத்தில் மனத்தில் சில சந்தேகங்கள். வரதராஜனுக்கு ஆலவட்டம் வீசும் திருக்கச்சி நம்பியிடம் அவற்றுக்கு விடை கேட்டு வரச் சொல்கிறார்; சந்தேகங்கள் இன்னவை என்று சொல்வதில்லை. நம்பி ஆறு வார்த்தைகளோடு திரும்புகிறார். தானே பரம்பொருள், பேதமே தரிசனம், சரணாகதியே உபாயம், இறுதி நேர நினைவு கட்டாயமில்லை, உடல் விழும்போது மோட்சம், பெரிய நம்பியை ஆசாரியராகப் பற்றுக. விடைகளை மனப்பாடமாகச் சொல்ல இன்றும் ஆளுண்டு. கேள்விகள் தொலைந்துபோயின. நான்காவது விடைக்கு முன்னால் என்ன பயம் இருந்திருக்கும்? சாகும் நேரத்தில் பிரக்ஞை தவறிவிட்டால் என் கதி என்ன என்பதுதான். ராத்திரி ஷிப்டு முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வாய் திறந்து தூங்கிக்கொண்டு போகிறவனுக்கு இது அந்நியமான பயம் அல்ல.

ஆனால் நான் அந்த நண்பர்களுக்குச் சொன்ன தலைப்பு இதுவும் அல்ல. அடிமை.

வைஷ்ணவத் தமிழில் இது உயர்ந்த சொல். ஆன்மாவின் இயல்பே பிறனுக்கு உரியதாக இருப்பது, அவன் பொருட்டே இருப்பது, சேஷத்வம் என்பார்கள். (ராமானுஜருக்கே உடையவர் என்று ஒரு பெயர். முதலாளியைக் குறிக்க இப்போது ஓனர் என்ற சொல் இருப்பதால் குழப்பம் நேர்வதில்லை.) மேடைத் தமிழில் அதே சொல் வசை. இந்த முரண் ராமானுஜருக்குத் தெரியாததல்ல. வேதார்த்த சங்கிரகத்தின் இறுதிப் பகுதியில் ஆட்சேபத்தைத் தானே எழுப்புகிறார்: பிறர்வசமாக இருப்பது எல்லாம் துன்பம், தன்வசமாக இருப்பது எல்லாம் இன்பம் என்கிறது மனு, சேவகம் நாய்ப்பிழைப்பு என்றும் சொல்கிறது, அப்படியிருக்க அடிமைத்தனம் எப்படி ஆனந்தமாகும்? அவர் விடையின் சாரம்: தன்னை உடலென்று எண்ணுகிறவனுக்கே அந்த வகைச் சுதந்திரம் இன்பமாகப் படுகிறது. தன்னை ஈசுவரனுக்கு உரியவனாக அறிந்தவனுக்கு அவன் சேவையே இன்பம். மனு சொன்ன துன்பம் மற்றவர்களுக்குச் செய்யும் சேவகத்தைப் பற்றியது.

இந்தக் கடைசி வாக்கியத்தை மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போகக்கூடாது. உலகத்து எஜமானர்கள் விஷயத்தில் மனுவின் வசனத்தை அவர் துளியும் குறைக்கவில்லை, முழுமையாக ஒப்புக்கொள்கிறார். பணிவுக்கு உபதேசமாக எடுத்தாளப்படும் சித்தாந்தத்தின் உள்ளே மற்ற எல்லா உடைமையாளர்களுக்கும் எதிரான மறுப்பு இருக்கிறது. அந்த மறுப்பை ஸ்தாபனம் எந்த நூற்றாண்டில் நிலச்சுவான்தாரிடம் சொன்னது என்று கேட்பது நியாயம்.

எனக்கு விடை முழுத் திருப்தி தரவில்லை. தன்னை உடலென்று எண்ணாதே என்பது சரி. ஆனால் வாயிலில் அட்டையைத் தேய்த்துவிட்டு உள்ளே போவது உடல்தான். கூலி அதற்குத்தான். 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கிய அயோத்திதாசர், உடையவனே இல்லாத ஒரு மார்க்கத்தை ஏன் தேடினார் என்பது இந்த இடத்தில் விளங்குகிறது. ஆனால் யாருக்கும் உரியவன் இல்லை என்பதிலும் ஒரு வெறுமை உண்டு. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் நின்றபோது வெளியே வந்தவர்கள் ஒருவிதத்தில் சுதந்திரர்கள். 2024இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தபோது முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று சங்கத்தை அங்கீகரிப்பது. ஊதியம் மட்டும் அல்ல, யாரைச் சேர்ந்தவர்கள் நாங்கள் என்பதைத் தாங்களே சொல்லும் உரிமை. சேஷத்வம் பற்றிய விசாரணையை இங்கிருந்தும் தொடங்க முடியும். பக்தரும் நாத்திகரும் முன்கூட்டியே அணி பிரிய இதில் வழியில்லை. இருவரும் யாருக்கோ வேலை செய்கிறார்கள்.

நண்பர்களில் ஒருவருக்குத் தலைப்பு பிடித்திருந்தது, ஆனால் தயங்கினார். அடிமை என்று வாட்ஸ்அப்பில் போட்டால் நாளைக்கே எச்.ஆர். காதுக்குப் போய்விடும் என்றார். கான்ட்ராக்டில் இருக்கிறவர்கள் வரமாட்டார்கள். கொஞ்ச நேரம் பேசிவிட்டுத் தலைப்பைச் சேஷத்வம் என்று வடமொழியிலேயே போட்டுக்கொள்வதாக முடிவாயிற்று.