ஃப்ளாஷுக்கு நேரம் இருந்தது

இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். ஹாஸ்டலில் கரண்ட் போன ஒரு ராத்திரி ஆரம்பித்த சண்டை இது. சூப்பர்மேனும் ஃப்ளாஷும் மோதினால் யார் ஜெயிப்பது? நான் சூப்பர்மேன் கட்சி. "ஒரு குத்து போதும், உன் ஆளு காலி" என்றேன். எதிர்க்கட்டில்காரன் இருட்டிலிருந்து நிதானமாகக் கேட்டான்: "பட்டாத்தானே மச்சான்?"

அன்றைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது கட்சி மாறிவிட்டேன். அதற்குக் காரணம் காமிக்ஸ் இல்லை, கடைசியில் சொல்கிறேன்.

இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்வதைப் பதிப்பாளர்களே தவிர்த்திருக்கிறார்கள். 1967ல் வந்த சூப்பர்மேன் 199வது இதழில் இருவரையும் உலகம் சுற்றி ஓடவிட்டார்கள். ஐ.நா.வுக்கு நிதி திரட்டும் பந்தயம். சூதாட்டக் கும்பல்கள் உள்ளே புகுந்ததும், அவர்களுக்கு லாபம் போகக்கூடாதென்று இரண்டு பேரும் வேண்டுமென்றே ஒன்றாகக் கோட்டைத் தொட்டார்கள். சந்தைக்குக் கொண்டுவந்த இரண்டு மாட்டில் ஒன்றை நொண்டி என்று வியாபாரியே சொல்வானா?

படித்த படிப்புக்குக் கொஞ்சம் கணக்கு போடலாம். வேகமும் பலமும் எதிரெதிர்க் கட்சி என்று நினைப்பதே தப்பு. இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது. 80 கிலோ ஆள் ஒருவர் ஒலியின் வேகத்தில், அதாவது நொடிக்கு 340 மீட்டரில் ஓடி வந்து மோதினால் கிட்டத்தட்ட 46 லட்சம் ஜூல். ஒரு கிலோ டிஎன்டி வெடித்தால் வருவதே 42 லட்சம்தான். எடையை இரட்டிப்பாக்கினால் அடி இரட்டிப்பாகும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் நான்கு மடங்கு. இந்த வர்க்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

ஆனால் நியூட்டன் சும்மா விடமாட்டார். அடிக்கிற கைக்கும் அதே அடி. ஃப்ளாஷின் எலும்பு ஏன் பொடியாகவில்லை என்றால், 1990களில் மார்க் வெய்ட் கொண்டுவந்த ஸ்பீட் ஃபோர்ஸைக் காட்டுவார்கள். வேகத்தைக் கொடுப்பதும் அதுதான், காப்பாற்றுவதும் அதுதான். எங்கள் ஆபீஸ் கோடில் சில இடங்களில் 'இதைத் தொடாதீர்கள், ஏனென்று தெரியாது, ஓடுகிறது' என்று கமென்ட் இருக்கும். அந்த ஜாதி.

ஃபார்முலாவோடு விஷயம் முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். 2014ல் வந்த 'எக்ஸ்-மென்: டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' படத்தின் சமையலறைக் காட்சியை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. பென்டகனுக்குள் காவலர்கள் சுடுகிறார்கள். குவிக்சில்வர் காதில் ஹெட்போனோடு சுவர் மேல் ஓடுகிறான். காற்றில் மிதக்கும் சூப்பை விரலால் தொட்டு ருசி பார்க்கிறான். ஒரு காவலரின் முஷ்டியை அவர் முகத்துக்கே திருப்பி வைக்கிறான். தோட்டாக்களை விரல் நுனியால் லேசாக, மிக லேசாக, தள்ளி விடுகிறான். அந்தக் காட்சியில் அவன் பெரிதாகப் பலம் எதுவும் காட்டவில்லை. ஒரு குழந்தையின் விரலுக்கு இருக்கும் பலம் போதும். அவனிடம் இருந்தது நேரம். காவலர்களிடம் இல்லாதது அதுதான். அவர்களுக்கு ஒரு கண்சிமிட்டல், அவனுக்கு ஒரு முழுப் பாட்டு.

அதனால்தான் வேகம் ஜெயிக்கிறது என்கிறேன். பலசாலியிடம் குத்து இருக்கிறது. வேகக்காரனிடம், அந்தக் குத்து வரலாமா வேண்டாமா என்று உட்கார்ந்து யோசிக்க ஒரு மத்தியானம் இருக்கிறது. 2017 'ஜஸ்டிஸ் லீக்' படம் சுமார்தான், ஆனால் இதை ஒரே ஷாட்டில் சொல்லிவிட்டது. உயிர்த்தெழுந்த சூப்பர்மேனை மற்றவர்கள் அமுக்கிப் பிடித்திருக்க, ஃப்ளாஷ் தன் தனி உலகத்தில் ஓடி வருகிறான். எல்லாம் உறைந்திருக்கிறது. திடீரென்று சூப்பர்மேனின் கண் மட்டும் நகர்ந்து அவனைப் பார்க்கிறது. ஃப்ளாஷின் முகம் வெளிறிப்போகிறது. இத்தனைக்கும் இன்னும் ஒரு அடிகூட விழவில்லை. இனி யோசிக்கிற நேரம் தனக்கு மட்டும் சொந்தமில்லை என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

சரி, இதில் அறம் எங்கே வருகிறது? பலசாலிக்கு ஒரு சாக்கு உண்டு. "தெரியாம பட்டுடுச்சு." கைவிசை அளவு தெரியாமல் கதவைப் பிடுங்கியவனை நாம் மன்னித்துவிடுவோம். நம் எல்லோருக்கும் இருக்கும் சாக்கு இன்னொன்று: "யோசிக்க டைமே இல்ல." குவிக்சில்வருக்கு இந்த இரண்டாவது சாக்கே கிடையாது. அவன் செய்யும் எதுவும் அவசரத்தில் செய்தது ஆகாது. அதே படத்தில் மேக்னெட்டோவைத் தூக்கிக்கொண்டு ஓடும் முன் அவர் பின்னங்கழுத்தைக் கையால் தாங்கிக்கொள்கிறான், கழுத்து முறியக்கூடாதென்று. 1973ல் விழுந்துகொண்டிருந்த க்வென் ஸ்டேசியை ஸ்பைடர்மேன் வலையால் சட்டென்று பிடித்து நிறுத்தினான். அந்த நிறுத்தத்திலேயே அவள் கழுத்து போய்விட்டது. அவனை யாரும் கொலைகாரன் என்பதில்லை. அதே தவறை குவிக்சில்வர் செய்திருந்தால் என்னால் அப்படி விட்டிருக்க முடியாது.

இதன் மறுபக்கம் 2019ல் வந்த 'தி பாய்ஸ்' தொடரின் முதல் எபிசோட். ஏ-ட்ரெய்ன் என்ற வேகக்காரன் ராபின் என்ற பெண்ணின் ஊடாகவே ஓடிவிடுகிறான். காதலன் ஹியூயியின் கையில் அவள் கைகள் மட்டும் மிஞ்சுகின்றன. நடைபாதையிலிருந்து ஒரு அடி இறங்கி நின்றவளை, நடுரோட்டில் நின்றவள் என்று மாற்றிச் சொல்கிறார்கள். அந்த ஒரு அடிக்காக ஹியூயி பொங்குவதைப் பார்த்தபோது நான் டிவியை நிறுத்திவிட்டேன்.

ஏனென்றால் அந்தப் பொய்யை நானும் சொல்லியிருக்கிறேன்.

நான்கு வருடம் முன்பு, காலியான ரோட்டில் பைக்கில் போகும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்த ஒரு பெரியவர் மேல் இடித்தேன். மணிக்கட்டு எலும்பு முறிவு. கூடிய கூட்டத்திடம், "திடீர்னு குறுக்க வந்துட்டார், யோசிக்க டைமே இல்ல" என்றேன். நம்பினார்கள். பெரியவரே தலையாட்டினார்.

ராத்திரி தூக்கம் வராமல் கணக்கு போட்டேன். அவரைப் பார்த்தபோது இடைவெளி 25 மீட்டர் இருக்கும். என் வேகம் 70. மூளை சொல்லி கை பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடியாவது ஆகும், அதற்குள் 19 மீட்டர் போய்விடும். பிறகு வண்டி நிற்க 27 மீட்டராவது வேண்டும். 40ல் போயிருந்தால் எல்லாம் சேர்த்து 20 மீட்டர். அதே வர்க்கம்தான். வேகம் இரண்டு மடங்குகூட இல்லை, பிரேக் பிடித்து நிற்கும் தூரம் மூன்று மடங்கு. அந்த ஒரு நொடியில் எனக்கு நேரம் இல்லை என்பது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் பத்து நிமிடமாக ஆக்சிலரேட்டரை முறுக்கிக்கொண்டிருந்தேனே, அந்தப் பத்து நிமிடமும் எனக்கு நேரம்தானே இருந்தது? குவிக்சில்வர் அளவுக்கு இருந்தது. பாட்டுகூடக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வாரம் கழித்துப் பழம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மாவுக்கட்டோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். திட்டவில்லை. "அன்னைக்கு அவ்ளோ அவசரமா எங்க தம்பி போனீங்க?" என்று மட்டும் கேட்டார், நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர் மாதிரி.

"ஆபீஸுக்குங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே திரும்பி, தம்பிக்கு ஒரு டீ போடும்மா என்றார்.