தண்ணி பொது, நிலம் யாருது?

மேகமலையில் எங்கள் லயனுக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது. 2020க்கு முன்னால் அதற்குப் பேர் கிடையாது. கொரோனா வந்து கல்லூரிகளை மூடிய பிறகு பிள்ளைகள் அதற்கு 'சிக்னல் பாறை' என்று பேர் வைத்தார்கள். அதில் ஏறி நின்றால்தான் செல்போனில் ரெண்டு கோடு விழும். சாரல் அடித்தால் அதுவும் விழாது. காட்டுமாடு நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

கீழே பள்ளத்தாக்கில் ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பெண்பிள்ளை ஒருத்தி ஒருநாள் சாயங்காலம் என்னிடம் வந்தாள். அம்மா கொழுந்து பறிக்கிறவர். கையில் போன். கண்ணில் தண்ணீர்.

"அண்ணே, நான் வந்திருந்தேன். காலையில இருந்து பாறையிலதான் இருந்தேன். ஆனா வரலைன்னு போட்டிருக்கு."

எஸ்டேட்டில் காலையில் பெரட்டுக்குப் போய் நின்றும் கணக்குப்பிள்ளை பேர் போடாமல் விட்டால் அன்றைய கூலி போச்சு. என் ஆத்தாவுக்கு அப்படிப் போன நாட்கள் உண்டு. அதே வார்த்தையை அந்தப் பிள்ளை வேறொரு பெரட்டைப் பற்றிச் சொன்னாள். இந்தப் பெரட்டில் பேர் போடுவது கம்ப்யூட்டர்.

அந்தக் கல்லூரி வைத்திருந்த ஏற்பாட்டுக்கு 'கற்றல் மேலாண்மை அமைப்பு' என்று பேர். பாடம் போடுவது, வீட்டுப்பாடம் வாங்குவது, தேர்வு வைப்பது, வருகை குறிப்பது எல்லாம் அதற்குள்தான். எல்.எம்.எஸ். என்பார்கள். 'மேலாண்மை' என்ற சொல்லை இந்தப் பக்கங்களில் நாம் வேறு அர்த்தத்தில் பழகியவர்கள். அந்த அர்த்தமும் இதற்குப் பொருந்துகிறதா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

ஏன் கேள்வி என்கிறேன்? அந்த மென்பொருளின் பேர் மூடுல். அது கட்டற்ற மென்பொருள். யாரும் எடுக்கலாம், உள்ளே பிரித்துப் படிக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். காசு கிடையாது. கம்பெனிக்காரன் பூட்டு எதுவும் அதில் இல்லை. இதைப் பாராட்டிக் கூட்டங்களில் பேசியவன் நான். பூட்டே இல்லாத ஒன்றின் வாசலில் எங்கள் பிள்ளை எப்படி வெளியே நின்றாள்?

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இந்த மாதிரி மென்பொருளைக் கம்பெனிகளிடம் வாடகைக்கு வாங்கிக்கொண்டிருந்தன. பிளாக்போர்டு என்ற கம்பெனி அதில் பெரியது. 2006ல் அது ஒரு காப்புரிமை வாங்கியது. ஒரே ஆள் ஒரு பாடத்தில் மாணவராகவும் இன்னொரு பாடத்தில் ஆசிரியராகவும் உள்ளே நுழையலாம் என்கிற மாதிரியான ஏற்பாட்டுக்கே உரிமை கோரியது. அதை வைத்துக் கனடாக் கம்பெனி ஒன்றின்மேல் வழக்கும் போட்டது. 2009ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உரிமைகோரல்கள் செல்லாது என்றது. ஒருத்தன் ஓரிடத்தில் கற்கிறவன், இன்னோரிடத்தில் கற்பிக்கிறவன் என்பதைச் சாதி இந்த மண்ணில் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. அதைத் தன் சொத்து என்று எழுதி வாங்கவும் ஒரு கம்பெனி வந்தது.

கம்பெனிகளிடம் வாடகைக்கு வாங்குவதற்கு மாற்றாகப் பல்கலைக்கழகங்கள் அந்தக் காப்புரிமைக்கு முன்பே கைகோத்திருந்தன. 2004ல் மிச்சிகன், இந்தியானா, எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்டு சேர்ந்து சகாய் என்ற மென்பொருளைத் தொடங்கின. மெல்லன் அறக்கட்டளை பணம் கொடுத்தது. ஆளுக்கொரு மென்பொருளைத் தனியாகச் செய்து காசை இறைக்காமல், எல்லாரும் கூடி ஒன்றைச் செய்வோம், உலகத்துக்கே திறந்து வைப்போம் என்றார்கள். நல்ல காரியம். ஆனால் கூட்டாளியாக உட்கார்ந்து பேச வேண்டுமானால் அப்போது வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலர் கட்ட வேண்டியிருந்தது. எடுத்துக்கொள்வது இலவசம், எது வேண்டும் என்று சொல்வதற்கு விலை.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 2014ல் மிச்சிகனும் இந்தியானாவும் வேறொரு கூட்டமைப்பைத் தொடங்கி, கான்வாஸ் என்ற கம்பெனி மென்பொருள் பக்கம் போய்விட்டன. குளம் வெட்டியவர்களே குழாய்த் தண்ணீருக்கு மாறிவிட்டார்கள். 2012ல் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து லாபநோக்கில்லாமல் தொடங்கிய எட்எக்ஸ் 2021ல் 80 கோடி டாலருக்கு 2யூ என்ற கம்பெனிக்கு விற்கப்பட்டது. 2024ல் அந்தக் கம்பெனி திவால் மனுப் போட்டது. எட்எக்ஸின் மென்பொருள் இன்றும் திறந்தே இருக்கிறது. அதை எடுத்துத்தான் பம்பாய் ஐ.ஐ.டி. தன் இணையப் பாடங்களை நடத்தியது. ஆக, திறந்து வைத்தது பொய்யில்லை. திறந்தவர்கள் இருப்பதும் கிளம்புவதும் அவர்கள் வசதி என்பதும் பொய்யில்லை.

இந்த இடத்தில்தான் நம் அனுபவத்தை வைத்துப் பேச வேண்டியிருக்கிறது. 'பொது' என்ற சொல்லை நம்மளவுக்குச் சந்தேகப்படுகிறவர்கள் இந்த நாட்டில் யாரும் இல்லை. பொதுக்கிணறு, பொதுப்பாதை, ஊர்ப்பொது. எல்லாப் பொதுவுக்கும் வெளியேதான் சேரி இருந்தது. 1924ல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்த பிறகுதான், பொதுச்சாலையும் பொதுக்கிணறும் நமக்கும் உண்டு என்று அரசாங்கம் வாயால் சொன்னது. மகாடில் என்ன நடந்தது? 1924லேயே நகராட்சி சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. மூன்று வருஷம் ஒருத்தரும் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20ல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான சனங்களோடு போய் அள்ளிக் குடித்தார். அடி விழுந்தது. குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். நகராட்சி தன் தீர்மானத்தையே வாபஸ் வாங்கியது. வழக்கு முடிந்து உரிமை நிலைக்க 1937 ஆயிற்று.

அந்தக் குளத்துக்கு 1924க்குப் பிறகு பூட்டில்லை. ஆனால் குளம் திறந்திருந்ததா? தடை இல்லாமல் இருப்பதும் திறந்திருப்பதும் ஒன்றா? திறந்து வைத்துவிட்டேன், வராதது உன் குற்றம் என்று சொல்கிறவன் நியாயவானா?

கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இதை வேறு மாதிரியும் சொல்லலாம். 1895ல் முல்லைப் பெரியாறு அணை திறந்து, மலையைக் குடைந்து தண்ணீர் இந்தப் பக்கம் வந்தது. பள்ளத்தாக்கே பச்சையானது. பென்னிகுக் படம் இல்லாத கடை கிடையாது. வைக்கட்டும், நன்றி நல்லதுதான். எங்கள் தாத்தாவும் அந்தத் தண்ணீரில் கால் வைத்து நாற்று நட்டவர்தான், அடுத்தவன் வயலில். தண்ணி பொது. நிலம் பொது இல்லை. நிலம் இல்லாதவனுக்கு ஆறு கரைபுரண்டு ஓடினாலும் அது கூலிவேலைதான்.

மென்பொருள் தண்ணீர் மாதிரி. கோடு விழுகிற இடம், கரண்டு, கையில் ஒரு கம்ப்யூட்டர், உட்கார்ந்து படிக்க ஒரு மூலை, இங்கிலீஷ், கொழுந்துக்கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கிடைக்கிற ஒரு மணி நேரம், இதெல்லாம் நிலம். 2017-18ல் நடந்த தேசிய மாதிரி ஆய்வு, கிராமப்புற வீடுகளில் நூற்றுக்கு 4.4 வீட்டில்தான் கம்ப்யூட்டர் இருந்தது என்றது. இணைய வசதி இருந்தது 14.9 சதவீத வீடுகளில். 2021 ஜனவரியில் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல் வரை தினம் 2 ஜிபி இலவச டேட்டா என்று அறிவித்தது. எங்கள் பிள்ளைக்கும் கார்டு வந்தது. லயனுக்குள் கோடு வரவில்லை. கார்டோடு மறுபடி பாறைக்குத்தான் போனாள்.

அப்படியானால் இது பணக்காரன் விளையாட்டு, நமக்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? சில தோழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கல்வியே அவர்களுடையது என்று நாம் விட்டிருந்தால் இந்தப் பத்திரிகையே வந்திருக்காது.

மூடுலை முதலில் எழுதிய மார்ட்டின் டூஜியமாஸ் ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் பள்ளிக்கூடம் இல்லாத இடத்தில் வளர்ந்தவர். ரேடியோ வழியாகப் படித்தவர். 2002ல் அதன் முதல் பதிப்பு வந்தது. பாறை ஏறிப் படிப்பது என்னவென்று கொஞ்சமாவது தெரிந்த ஆள் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குத் தன்னார்வலர்கள் செய்த தமிழ் முகப்பும் இருக்கிறது, அரைகுறையாக.

பக்கத்திலேயே பார்க்கலாம். இலங்கையில் லேர்ன் என்ற பேரில் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஒரு வலைப்பின்னல் வைத்திருக்கின்றன. 2020ல் அங்கே பல்கலைக்கழக எல்.எம்.எஸ்.க்குள் போகிற மாணவருக்கு டேட்டாக் காசு கிடையாது என்று ஏற்பாடு செய்தார்கள். தண்ணீரோடு கொஞ்சம் வாய்க்காலையும் பொதுவாக்கினார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் அரசுப் பள்ளிகள் எத்தனையோ வருஷமாய்க் கட்டற்ற மென்பொருளில்தான் ஓடுகின்றன.

நம்மிடமும் நடந்தது. எல்காட் மேலாண்மை இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ். 2006, 2007 வாக்கில் அரசுக் கம்ப்யூட்டர்களை லினக்சுக்கு மாற்றினார். கம்பெனிக்காரனுக்கு ஏன் அழ வேண்டும் என்று கேட்ட அதிகாரி ஒரு தலித். 2010 ஜூலையில் அவருடைய சாதிச்சான்றிதழ் பொய் என்ற குற்றச்சாட்டில் பணியிடைநீக்கம் செய்தார்கள். அடுத்த சில வாரங்களில் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. மென்பொருளின் மூலத்தைத் திற என்று சொன்னவரிடம் உன் மூலத்தைக் காட்டு என்று கேட்ட நாடு இது.

இவ்வளவும் அடுத்தவர்களைப் பற்றி. இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை யோக்கியமில்லை.

அந்தப் பிள்ளை அழுத பிறகு நாங்கள் நாலைந்து பேர் ஒரு காரியம் செய்தோம். அரசு கொடுத்த பழைய லேப்டாப் ஒன்றில் மூடுலைப் போட்டோம். பழைய ரவுட்டர் ஒன்று வாங்கினோம். இணையம் வேண்டாம், கோடு வேண்டாம். லயனுக்குள் எந்தப் போனிலும் பாடம் வரும். வாரம் ஒருமுறை ஒருத்தர் சின்னமனூர் இறங்கிப் புதுப் பாடங்களை எடுத்து வருவார். என் வீட்டுத் திண்ணையில் வைத்தோம். 'எல்லாரும் வரலாம்' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டது நான்தான்.

ரெண்டு மாசம் நன்றாக ஓடியது. கடைசி லயனிலிருந்து மட்டும் ஒருத்தரும் வரவில்லை. அங்கே இருப்பவர்கள் அருந்ததியர் குடும்பங்கள். 'அவங்களுக்குப் படிப்பில அக்கறை இல்ல' என்று எங்கள் ஆட்கள் சொன்னார்கள். நம்மைப் பற்றி ஊர்க்காரன் சொன்ன அதே வாக்கியம். எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒருநாள் மழையில் அந்த லயன் பையன் ஒருத்தன் வந்து வாசல்படிக்குக் கீழே நின்றான். தலையில் சாக்கு.

"ஏன்டா அங்கயே நிக்கிற? வா."

"உள்ள வரலாமாண்ணே?"

"அதான் எழுதியிருக்குல்ல."

அவன் அட்டையைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த என் ஆத்தாவின் முகத்தைப் பார்த்தான்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. நான் எழுதிய அட்டை மகாடு நகராட்சியின் தீர்மானமாகத் தெரிந்தது. இடம் என்னுடையது. கடவுச்சொல் என்னிடம். எந்தப் பாடம் என்று முடிவு செய்ததும் நான். திறந்தவன் நான், வந்து நிற்க வேண்டியவன் அவன். நாலு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை நான் என்ன குறை சொல்வது?

லேப்டாப்பைப் பாலர்வாடிக் கட்டடத்துக்கு மாற்றினோம். கடவுச்சொல்லைக் கடைசி லயனில் பன்னிரண்டாவது முடித்த ஒரு பெண்ணிடம் கொடுத்தோம். பாடம் எது, நேரம் எது என்று அவளும் பிள்ளைகளும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வார்கள். அவள் முதலில் செய்த காரியம், வருகைக் கணக்கை எடுத்துவிட்டது. "வந்தவங்க வந்ததும் அவங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், எதுக்குண்ணே அது?" என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை. அதைத் திருத்தும் உரிமையைத்தான் அந்த மென்பொருள் 2002லிருந்து எல்லாருக்கும் கொடுத்து வைத்திருக்கிறது. அந்த உரிமை ஒரு கைக்குப் போய்ச் சேர்ந்தது அன்றைக்குத்தான்.

எனக்குத் தெரிந்தவரை பதில் இதுதான். ஒன்றைச் செய்கிற இடத்திலும் மாற்றுகிற இடத்திலும் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அது பொதுவா இல்லையா என்று சொல்ல முடியும். எடுத்துக்கொள்ள விடுவது தர்மம். தர்மத்தை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். ஸ்வயம் தளத்திலிருந்து பாடங்களில் 40 சதவீதம் வரை எடுக்கலாம் என்று 2021ல் யு.ஜி.சி. விதி செய்தது. அப்படி எடுக்கப்போகிற மலைப் பிள்ளைகளில் எத்தனை பேரை அந்தத் தளம் செய்யும்போது கேட்டார்கள்? மதுரை காமராசர் பல்கலைக்கழகமும், கொடைக்கானல் அன்னை தெரசாவும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் கூடி ஒரு எல்.எம்.எஸ். செய்யட்டும். கோடு இல்லாத இடத்திலும் ஓடுகிறதா என்று முதலில் பார்க்கட்டும். பேராசிரியர்களும் பொறியாளர்களும் உட்காருகிற அந்த மேசையில் லயனிலிருந்தும் சேரியிலிருந்தும் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு இடமும், அவர்கள் வந்துபோகிற நாளுக்குக் கூலியும் போடட்டும். இந்தக் கோரிக்கையை மாணவத் தோழர்கள் கையிலெடுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. லேப்டாப் பாலர்வாடிக்குப் போன பிறகு எங்கள் லயன் பிள்ளைகளில் நாலு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். மூன்று பேர் திரும்ப வந்துவிட்டார்கள். நாலாவது ஆள் என் தங்கச்சி மகன். இன்னும் வரவில்லை.