பழைய எஞ்சினும் கள்ளாமை விரதமும்

பொருளை விற்பவர் பொய் கூறினால் அப்பாவம் அவரையே சாரும் என்பதில் நம்மவருள் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், வாங்குபவர் ஒன்றும் கேளாமலே வாங்கினால், அதனால் விளையும் குற்றம் யாரைச் சாரும்? ஏட்டில் படித்தபோது இவ்வினா எமக்கு எளிதாகவே தோன்றியது. அனந்தபுரத்தில் எம் வீட்டுக் கொட்டகையில் நின்ற ஒரு பழைய காருக்கு எஞ்சின் தேடப் புறப்பட்டபோதுதான் அதன் கடுமை விளங்கிற்று. எம்முடைய தவற்றையும் மறையாமல் இங்கு எழுதுகிறோம். படிக்கும் இல்லறத்தார்க்கு அது பயன்படும் என நம்புகிறோம்.

அந்தக் கார் 1968ஆம் ஆண்டு அம்பாசிடர். வங்காளத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை செய்து வந்த வண்டி. எம் தந்தையார் அதனை 1978இல் இரண்டாம் உரிமையாளராக வாங்கினார். மேல்சித்தாமூர்த் தேர்த்திருவிழாவுக்கு எங்கள் தெருவின் முதியவர்களை ஏற்றிச் சென்று, பொழுது சாய்வதற்குள் உண்டு முடிக்கும்படி அவர்களை வீடு சேர்த்த வண்டி அது. 1999இல் எஞ்சின் பழுதாகி நின்றது. தந்தையார் மறைந்த பின்னும் அதனை விற்க எவருக்கும் மனம் வரவில்லை. 2022இல் யாமும் எம் தம்பியும் அதனை மீண்டும் ஓடச்செய்வதென்று முடிவு செய்தோம்.

எம் சித்தப்பா அப்போதே ஒன்று கேட்டார்: "இது அண்ணன் நினைவா, அல்லது பொருள் மேல் மூர்ச்சையா?" பற்று எனும் மயக்கமே பரிக்கிரகம் என்று தத்துவார்த்த சூத்திரம் கூறுவதை அவர் நினைவூட்டினார். புதிய இரும்பை உருக்கி வார்ப்பதில் எத்தனையோ பிருதிவிகாய, தேயுகாய உயிர்கள் மாள்கின்றன, இருப்பதைச் செப்பனிட்டுப் பயன்படுத்துவதில் ஆரம்பம் குறைவு என்று யாம் விடை கூறினோம். விடை தவறன்று. ஆயினும் பற்று மிகும்போது கேள்விகள் குறையும் என்பதை அன்று யாம் எண்ணவில்லை.

எஞ்சினைத் திண்டிவனத்தில் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் கொண்டு சென்றோம். பிளாக்கில் நீளமாக விரிசல் கண்டிருந்தது. கிராங்கும் பயன்படாது. வேறு எஞ்சின் தேடுவதே வழி என்றார். அப்படித் தேடுவோர் கேட்கும் முதற்சொல் 'ரீபில்ட்' என்பது. இச்சொல்லின் பொருளை அறிந்துகொள்வது நலம். அம்பாசிடரின் பழைய பெட்ரோல் எஞ்சின் 1489 சி.சி. அளவினது. சிலிண்டரின் விட்டம் ஏறத்தாழ 73 மில்லிமீட்டர். தேய்ந்த சிலிண்டரை லேத்துப் பட்டறையில் கடைந்து, சற்றுப் பெரிய பிஸ்டன் போடுவார்கள். முதன்முறை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்கு, அடுத்து 40, பிறகு 60. அதற்கு மேல் கடைந்தால் சுவர் மெலிந்துவிடும் என்பதால் ஸ்லீவ் இறக்க வேண்டியிருக்கும். கிராங்கையும் இவ்வாறே சிறிது சிறிதாகச் சாணை பிடித்து, அதற்கேற்ற மெட்டல் போடுவார்கள். முதன்முறை கடைந்ததும் ரீபில்ட், இறுதிமுறை கடைந்ததும் ரீபில்ட். வெறுமனே கழுவி வர்ணம் பூசியதற்கும் அதே பெயர் வழங்குகிறது.

தோற்றம், அழிவு, நிலைபேறு மூன்றும் ஒரு பொருளில் ஒருங்கே உள்ளன என்பது நம் ஆகமக் கொள்கை. பிஸ்டன் புதிது, பிளாக் பழையது, எஞ்சின் ஒன்று. எனவே 'புதுப்பித்தது' என்னும் சொல் ஒரு நயத்தால் உண்மை, மற்றொரு நயத்தால் உண்மையன்று. விற்பவர் பரியாயத்தைச் சொல்கிறார். திரவியத்தைப் பற்றிக் கேட்க வேண்டியவர் வாங்குபவர்.

யாம் பல தரகர்களிடம் சொல்லிவைத்தோம். "எங்கிருந்தாயினும் சரி, ஒன்று கொண்டுவாருங்கள்" என்றே சொல்லிவைத்தோம். ஒரு மாதத்தில் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "பிரமாதமான எஞ்சின், நயினார்! ரீபில்ட் பண்ணினது. சாவியைப் போட்டால் போதும்" என்றார். விலை 28,000 ரூபாய். மற்றவர்கள் கேட்ட விலையில் அது பாதி. நேரில் சென்று பார்த்தோம். புது வர்ணம் பளபளத்தது. அன்றே 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்து, எஞ்சினைத் திண்டிவனத்துக்கு அனுப்பச் செய்தோம்.

மெக்கானிக் அதனைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "நயினார், நம்பர் இருக்கிற இடத்தில் அரம் போட்டிருக்கே, பார்த்தீங்களா?" என்றார்.

பார்த்திருந்தோம். உண்மை இதுவே. முன்பணம் கொடுக்கும் முன்பே அந்த மழமழப்பு எம் கண்ணில் பட்டது. ஏனென்று கேட்க நா எழவில்லை. கேட்டால் வரக்கூடிய விடை எமக்கு வேண்டாததாக இருந்தது.

தரகரை அழைத்தோம். அவர் சிறிதும் தயங்கவில்லை. "நம்பர்தானே? உங்கள் பழைய எஞ்சின் நம்பரையே இதில் குத்திக் கொடுத்துவிடுகிறேன். ஆர்.சி.யில் ஒன்றும் மாற்ற வேண்டாம்" என்றார். இதில் மற்றொரு ஆசையும் ஒளிந்திருந்தது. 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, வணிகப் பயனில் இல்லாத பழம்பெரும் வாகனங்களுக்கு 'விஏ' என்னும் எழுத்துகளோடு கூடிய தனிப் பதிவு எண் வழங்க வழிசெய்தது. அதற்கு வண்டி தன் மூல உருவில் இருத்தல் வேண்டும். அடிச்சட்டமோ உடற்கூடோ எஞ்சினோ பெரும் மாற்றம் அடைந்திருத்தல் கூடாது. பழைய எண்ணைப் புதிய எஞ்சினில் குத்திவிட்டால் தந்தையாரின் கார் மூல உருவிலேயே இருப்பதாகக் காகிதம் பேசும். ஓரிரவு முழுதும் அந்நினைவே எம்மை அலைக்கழித்தது.

மறுநாள் காலை சித்தப்பா தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தை எடுத்து முன்வைத்தார். கள்ளாமை அணுவிரதத்திற்குரிய ஐந்து அதிசாரங்கள், அதாவது விரதத்தை முற்றும் முறிக்காமல் மாசுபடுத்தும் குற்றங்கள், அங்கே சொல்லப்படுகின்றன. ஐந்தையும் ஒவ்வொன்றாக எம் எஞ்சினோடு ஒட்டிப் பார்த்தோம்.

முதலாவது ஸ்தேனப் பிரயோகம், பிறரைக் களவுக்குத் தூண்டுதல். "எங்கிருந்தாயினும் சரி" என்று தரகரிடம் சொன்ன சொல் அதற்கு அணித்தானது. இரண்டாவது ததாஹ்ருதாதானம், களவுப்பொருளைக் கொள்ளுதல். எண் அழிக்கப்பட்ட எஞ்சின் களவுப்பொருள்தான் என்று எவரும் மெய்ப்பிக்கவில்லை. அன்று என்று நம்புவதற்கும் எமக்கு ஒரு காரணமும் இல்லை. மூன்றாவது விருத்த ராஜ்யாதிக்கிரமம், அரச நீதியைக் கடந்து கொள்ளலும் கொடுத்தலும். ஒழுங்கு குலைந்த நாட்டில் விலையுயர்ந்த பொருளை அற்ப விலைக்கு அடைய முயல்வதையும் பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தி உரையில் இதனோடு சேர்த்துச் சொல்கிறார். பாதி விலைக்கு மகிழ்ந்த எம் முகம் அப்போது எமக்கே தெரிந்தது. நான்காவது குறைந்த அளவாலும் மிகுந்த அளவாலும் ஏமாற்றுதல். 60 கடைந்ததை 20 என்று சொல்வதும் அளவைக் குற்றமே. ஐந்தாவது பிரதிரூபக வியவஹாரம், போலியை மெய்ப்பொருளாக வழங்குதல். உரைகாரர்கள் இதற்குப் போலிப் பொன்னைக் காட்டுவர். எஞ்சின் உலகில் இதற்கு இணையானவை புது வர்ணமும் கனத்த எண்ணெயும். தேய்ந்த எஞ்சினில் கனத்த எண்ணெயை ஊற்றினால் சிறிது காலம் ஓசை அடங்கும், புகை குறையும்.

உள்ளும் புறமும் வேறாதல் சிறு கடைகளில் மட்டும் நிகழ்வதன்று. சென்னையில் இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1985இல் 'ஸ்டாண்டர்ட் 2000' என்னும் காரை வெளியிட்டதை மூத்தோர் நினைவுகூர்வர். அதன் உடற்கூடு இங்கிலாந்தின் ரோவர் காரினுடையது. உள்ளே இருந்ததோ 1940களில் தோன்றிய வேன்கார்டு காரின் வழிவந்த 1991 சி.சி. எஞ்சின். ரோவரின் தோற்றத்தைக் கண்டு அதன் வேகத்தை எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர். சில ஆண்டுகளிலேயே அதன் உற்பத்தி நின்றது. நிறுவனம் எதையும் மறைத்ததென்று யாம் கூறவரவில்லை. தோற்றத்தைக் கண்டவுடன் கேள்வியை நிறுத்திக்கொள்ளும் இயல்பு நம் அனைவர்க்கும் உண்டு என்பதையே சுட்டுகிறோம்.

இனி, தொடக்கத்து வினாவுக்கு வருவோம். நாட்டுச் சட்டம் இதற்கு ஒரு விடை தருகிறது. களவுப்பொருள் என்று அறிந்தோ, அவ்வாறு நம்புவதற்குக் காரணம் இருந்தோ, நேர்மையின்றி அதனைப் பெறுபவர் குற்றவாளி. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 411ஆம் பிரிவாக இருந்த இது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதையின் 317ஆம் பிரிவில் உள்ளது. 'நம்புவதற்குக் காரணம்' என்னும் சொற்களைக் கவனிக்க வேண்டும். அறியேன் என்று கூறுவதால் மட்டும் சட்டத்தின் முன்னரும் தப்ப இயலாது.

நம் அறம் இன்னும் ஆழமாகச் செல்கிறது. கொலை, பொய், களவு ஆகியவற்றுக்கெல்லாம் அடியில் 'பிரமத்த யோகம்' என்னும் விழிப்பின்மையை அது காண்கிறது. அதற்கு மறுபெயர் பிரமாதம். வழக்குத் தமிழில் 'பிரமாதம்' என்றால் மிகச் சிறந்தது என்று பொருள். ஆகமத்தில் அது சோர்வையும் கவனமின்மையையும் குறிக்கும். தரகர் "பிரமாதமான எஞ்சின்" என்றபோது தம்மை அறியாமலே இரண்டு பொருளிலும் பேசிவிட்டார். அந்தப் பிரமாதம் எஞ்சினில் இருந்ததைவிட எம்மிடமே மிகுதியாக இருந்தது. கண்ணிற் பட்டதைக் கேளாதிருத்தல் அறியாமை ஆகாது. அது யாமே தேடிக்கொண்ட மறதி. ஆகவே, கேளாமல் வாங்கியதன் குற்றம் வாங்கியவரையே சாரும் என்பது எம் துணிபு. விற்பவரின் பொய் அதனைக் குறைப்பதில்லை.

இதற்கு மறுப்பும் உண்டு. "ஒவ்வொரு பொருளின் வரலாற்றையும் துருவினால் இல்லறத்தான் வாழ்வதெப்படி? அது மகாவிரதிகளின் நெறியன்றோ?" என்று எம் தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. அணுவிரதம் என்பது சிறு விரதமே. கடையில் வாங்கும் ஒவ்வொரு திருகாணிக்கும் குலமுறை கிளத்தவேண்டும் என்று அது சொல்லவில்லை. ஐயம் எழுந்த இடத்தில் நின்று கேட்கவேண்டும் என்று மட்டுமே கோருகிறது. அரத்தின் தடம் ஐயத்திற்கு இடமளித்தது. பாதி விலையும் இடமளித்தது. அங்கே நிற்பது இல்லறத்தானால் இயலாத செயலன்று.

எஞ்சினைத் திருப்பி அனுப்பினோம். முன்பணம் மீளவில்லை. அதனை எம் பிரமாதத்தின் விலையாகக் கொண்டோம். எட்டு மாதம் கழித்து, பதிவு நீக்கப்பட்ட ஒரு வாடகைக் காரின் எஞ்சின், உரிய காகிதங்களோடு கிடைத்தது. அதன் உரிமையாளர் கேட்கும் முன்பே, "இது 40 போர் அடித்தது, இன்னும் ஒரு முறைதான் தாங்கும்" என்றார். விலை 52,000 ரூபாய். குறையைச் சொல்லி விற்றவரிடம் பேரம் பேச எமக்கு வாய் வரவில்லை. எஞ்சின் மாற்றத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முறைப்படி தெரிவித்து, பதிவுச் சான்றில் புதிய எண்ணை ஏற்றச் செய்தோம். இதனால் அந்தத் தனிப் பதிவு எண்ணுக்கான தகுதி எம் வண்டிக்கு இல்லாமற் போகலாம். போகட்டும். கடந்த பங்குனியில் அது மேல்சித்தாமூர் வரை சென்று, பொழுது சாயுமுன் திரும்பி வந்தது.

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த செய்தி பாறையில் பொறிக்கப்பட்டுள்ளது. நூற்றாண்டுகள் பல கடந்தும் அவ்வெழுத்துகள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. அண்மையில் அங்குச் சென்றபோது, அரத்தால் அழிக்கப்பட்ட அந்த எண் எம் நினைவுக்கு வந்தது. அதற்குரியவர் எங்கோ ஒருவர் இருக்கக்கூடும்.

ஒன்று மட்டும் இன்னும் எம்மை உறுத்துகிறது. அந்த எஞ்சினை யாம் திருப்பி அனுப்பினோமேயன்றி, அதைப் பற்றிக் காவல்துறையிடம் சொல்லவில்லை. கேட்காதிருந்த குற்றம் நீங்கிய இடத்தில் சொல்லாதிருந்த குற்றம் வந்து அமர்ந்ததோ என்று பிரதிக்கிரமணத்தின்போது எண்ணுகிறோம். அது இந்நேரம் யாரோ ஒருவர் வண்டியில் ஓடிக்கொண்டிருக்கும். அவரும் கேளாமலே வாங்கியிருப்பார். இதைப் படிப்போர் எம்மினும் ஓரடி முன்சென்று நடப்பாராக.

வளர்க திருவறம்!